மொட்டைமாடி டிபார்ட்மெண்டுக்குக் காற்று வந்துவிட்டது

பிரியமுள்ள அப்பாவுக்கு, ராஜபாளையத்து மொட்டைமாடியில் தனியாக ஒரு மில் நடத்திய மகராசனுக்கு,

உங்கள் பிளாஸ்டிக் கூடாரம் இன்னும் நிற்கிறது. அதை முதலில் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் பதறுவீர்கள். ஆனால் நீங்கள் கட்டிய மாதிரி இல்லை. மூன்று பக்கம் வெட்டியாகிவிட்டது. யார் வெட்டியது, ஏன் வெட்டியது என்று சொல்லத்தான் இந்தக் கடிதம். கோபப்படாமல் முழுசாகக் கேளுங்கள்.

நூற்பு மில்லில் ஈரக்காற்று விடும் பிளாண்டில் முப்பது வருடம் ஃபிட்டராக இருந்தவர் நீங்கள். காற்று காய்ந்தால் நூல் அறுந்துபோகும், அதனால் ஜன்னலைத் திறக்கக் கூடாது, ஈரம் குறையக் கூடாது. அதுதான் உங்கள் வேதம். ரிட்டயரான பிறகு வீட்டிலேயே காய்கறி போட ஆசை வந்தது. பி.வி.சி. பைப்பை வளைத்து, பாலித்தீன் தாளை இழுத்துக் கட்டி, ஒரு ஆள் நிமிர்ந்து நிற்கிற அளவில் குடில் போட்டீர்கள். அதிகச் செலவில்லாத வேலை என்று பெருமை வேறு. எல்லோரும் பசுமைக்குடில் என்று சொல்ல, நீங்கள் மட்டும் மில் பழக்கத்தில் டிபார்ட்மெண்ட் என்றீர்கள். “டிபார்ட்மெண்டுக்குப் போறேன்” என்று லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு மாடியேறுவீர்கள்.

மில்லை நடத்திய மாதிரியேதான் அதையும் நடத்தினீர்கள். ஓரமெல்லாம் டேப் ஒட்டி, பழைய பையிலிருந்து பிரித்த ஜிப்பைக் கதவுக்குத் தைத்து, ஊசி நுழைகிற சந்துகூட விடவில்லை. மணிக்கொரு தடவை உள்ளே தண்ணீர் தெளித்தீர்கள். மாசி வெயிலில் உள்ளே போனால் மூச்சு முட்டும். கத்திரி வாடியது, தக்காளி பூத்துப் பூத்து உதிர்ந்தது, இலையெல்லாம் பூசணம். “ஈரம் பத்தலம்மா” என்று இன்னும் கொஞ்சம் தெளித்தீர்கள்.

அப்பா, செடி என்ன நூலா? அது உள்ளே வெந்துகொண்டிருந்தது. அப்போது எனக்கும் அது தெரியவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து பஸ் பிடித்து வருவேன், சாப்பிடுவேன், உங்களைக் கேலி செய்வேன், திரும்பிவிடுவேன்.

பங்குனியில் ஒரு மத்தியானம் மாடியிலிருந்து இறங்கி வந்து நெஞ்சு அடைக்கிறது என்றீர்கள். ஆஸ்பத்திரிக்குப் போன நீங்கள் திரும்பவில்லை. வெக்கைதான் காரணமா என்று டாக்டரிடம் இரண்டு தடவை கேட்டேன். பல வருடமாக இருந்த அடைப்பு, எங்கே இருந்திருந்தாலும் வந்திருக்கும் என்றார். அம்மா அதைக் காதில் வாங்கவே இல்லை. உங்களுக்குத் தெரியுமா அப்பா? உள்ளே உட்கார்ந்திருந்தபோதே வலித்ததா?

முப்பதாம் நாள் காரியம் முடிந்து சொந்தக்காரர்கள் கிளம்பியதும் அம்மா ஆரம்பித்தாள்.

“ஏட்டி, மேல நிக்கிற சனியனப் பிரிச்சு எடைக்குப் போட்ரு. அந்த மனுசனக் கொன்னது அதுதான்.”

“ஒரே ஒரு தடவ நான் போட்டுப் பாக்கேம்மா. கார்த்திகை வரைக்கும் விட்டுக்குடு.”

“எம்புட்டுச் சொன்னாலும் ஒனக்கு ஏறாது, அப்பன் புத்தி. கார்த்திகை கழிஞ்சு ஒரு நாள் நின்னாலும் நானே பிச்சு எறிஞ்சிருவேன், ஆமா.”

அன்றிலிருந்து அம்மா மாடிப்படியில் கால் வைக்கவில்லை. துணியைக்கூட வாசலிலேயே கொடி கட்டிக் காயப்போட்டாள்.

எதற்கு இந்தப் பிடிவாதம் என்று என் வீட்டுக்காரர் கேட்டார். ஒரு காயைக்கூடப் பறிக்காமல் நீங்கள் போனதை என்னால் தாங்க முடியவில்லை, அவ்வளவுதான். அதைப் பிரித்து எடைக்குப் போட்டால், கடைசி வருடம் முழுக்க நீங்கள் செய்தது வெறும் கிறுக்குத்தனம் என்றாகிவிடும். அதற்கு நான் விடுவதாக இல்லை.

ஆவணியில் நாற்று வாங்கக் கூமாப்பட்டிக்குப் போனேன். உங்கள் டிபார்ட்மெண்டைப் பற்றிச் சொன்னதும் நாற்றுக்காரர் சிரித்துவிட்டார். “ஏம்மா, நம்ம ஊரு வெயிலுக்கு அம்புட்டையும் மூடுனா செடிக்கு யாரு விசிறுவா? மழைத்தண்ணி மேல விழாம இருக்கத்தான் பிளாஸ்டிக்கு. பக்கத்தப் பூரா அறுத்துட்டு வலையக் கட்டுங்க. ஐப்பசி மழையில ஊர்ல அழுகுனாலும் ஒங்களுக்கு நிக்கும்” என்றார்.

நாற்றை நட்டு, டேங்கிலிருந்து சொட்டுக்குழாய் இழுத்துவிட்டேன். வலை வாங்கினேன், பிளேடும் வாங்கினேன். வெட்டப் போனால், டேப் ஒட்டிய இடத்திலெல்லாம் உங்கள் கட்டைவிரல் அழுத்திய தடம். கை வரவில்லை அப்பா. ஒரு பக்கத்தை மட்டும் சுருட்டிக் கயிற்றால் கட்டிவிட்டு இறங்கிவிட்டேன். அது போதாது என்று எனக்கே தெரியும். புரட்டாசியில் முதல் பூக்கள் அப்படியே உதிர்ந்தன.

ஐப்பசியில் ஒரு சாயங்காலம் மலைப்பக்கமிருந்து மழை பிடித்துக்கொண்டது. அம்மாவுக்கு போன் போட்டேன்.

“அம்மா, கூடாரத்து மேல தண்ணி கட்டி நிக்கும், பைப்பு ஒடிஞ்சிரும். செத்த மேல போயி ஒரு கம்பால தள்ளி விடேன்.”

போனை டக்கென்று வைத்துவிட்டாள்.

மறுநாள் லீவு சொல்லிவிட்டுக் கிளம்பினேன். நான் போய்ச் சேரும்போது மழை விட்டுச் சுள்ளென்று வெயில் அடித்தது. கதவு திறந்து கிடந்தது, கீழே அம்மாவைக் காணோம். மாடியேறிப் பார்த்தால், கூடாரத்துக்குள் உங்கள் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். கூரை மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை, எல்லாவற்றையும் தள்ளிவிட்டிருந்தாள். ரவிக்கையெல்லாம் வேர்வையில் நனைந்திருந்தது.

“இந்த வெக்கையிலயாட்டி உங்கப்பா உக்காந்திருந்தாக?”

“ஆமாம்மா.”

“கீழ நின்னு சாப்பிட வாங்கன்னு கத்துவேன். வாரேன் வாரேன்ம்பாக. ஒரு நாளாவது ஏறி வந்து பாத்தேனா? பாத்திருந்தா கையப் பிடிச்சு இழுத்துட்டுப் போயிருப்பேன்லட்டி?”

அப்போதுதான் எனக்கு உறைத்தது. இத்தனை மாதமாக அம்மா தன்னையேதான் திட்டிக்கொண்டிருந்திருக்கிறாள். டாக்டர் சொன்னதை மறுபடி சொன்னேன். இந்தத் தடவை கேட்டுக்கொண்டாள். இரண்டு பேரும் அங்கேயே உட்கார்ந்து அழுது தீர்த்தோம்.

பிறகு மூக்கைச் சிந்திவிட்டு எழுந்தாள். கீழே போய்க் கத்தரிக்கோலோடு வந்தாள். பேண்டேஜ் கம்பெனியில் வருடக்கணக்காகத் துணி வெட்டிய கை ஆயிற்றே. ஒரு பக்கத்தை மேலிருந்து கீழ்வரை கோடு போட்ட மாதிரி இழுத்துவிட்டாள். குப்பென்று காற்று வந்தது. “உங்கப்பா கோவிச்சா கோவிச்சுக்கிடட்டும்” என்றாள். இரண்டாவது பக்கம் நான், மூன்றாவது மறுபடி அவள். வலையைக் கட்டி முடித்தபோது மத்தியானம் ஆகிவிட்டது. கூரை மட்டும் நீங்கள் போட்டபடியே இருக்கிறது. இத்தனை மழைக்கும் அது ஒழுகவில்லை. அந்த வேலையில் உங்களை அடிக்க ஆள் கிடையாது.

இப்போது கார்த்திகை முடியப்போகிறது. மார்க்கெட்டுத் தக்காளி கையில் எடுத்தாலே பிதுங்குகிறது. நம் மாடியில் கொத்துக் கொத்தாகக் கெட்டித் தக்காளி. கத்திரியும் காய்க்க ஆரம்பித்துவிட்டது. முதலில் பறித்ததைக் கழுவி உங்கள் படத்துக்கு முன்னால் வைத்து, “பாருங்க, மூடாமலே காய்ச்சிருக்கு” என்று அம்மா உங்களைக் குத்திக்காட்டினாள். எடைக்குப் போடுவது என்ன ஆயிற்று என்று வேண்டுமென்றே கேட்டேன். “தையில வெண்டை போடணும். நீ ஒன் சோலியப் பாரு” என்றாள்.

ஒரே ஒரு கவலைதான் அப்பா. அம்மா காலையில் ஏறினால் மத்தியானம்வரை இறங்குவதில்லை. போன் போட்டால், “செத்த நேரம், வாரேன்” என்கிறாள்.

அதனால் உங்களுக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன். மாசி பிறந்ததும் பிளாஸ்டிக்கைக் கழற்றிவிட்டு நிழல்வலை போட்டுவிடுவேன். உச்சி வெயிலில் அங்கே யாரையும் உட்கார விடமாட்டேன். நான் வருகிற நாளில் கீழே நின்று சாப்பிடக் கூப்பிட மாட்டேன். மேலே ஏறி வந்து, கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டுதான் இறங்குவேன்.

உங்கள் பிடிவாதத்தை அப்படியே வாங்கிக்கொண்ட,
உங்கள் ஒரே மகள்