ஒரே துபாஷும் இரண்டு சம்பந்திகளும்

1945 பிப்ரவரி 4, ஞாயிறு

மயிலாப்பூர் வம்ச விருத்தாந்த சங்கத்தின் மாதக் கூட்டம். வழக்கம்போல் தலைவர் பொன்னுரங்க முதலியார் வீட்டு ஹாலில். வந்தவர்கள் பதினோரு பேர். விழித்திருந்தவர்கள் நாலு பேர். காரியதரிசி என்ற முறையில் நானும் அதில் ஒருவன்.

இன்று தலைவரே தம் வம்சாவளியை வாசித்தார். கம்பெனி காலத்தில் வெள்ளைக்காரனுக்கும் நவாபுக்கும் நடுவில் நின்று மொழிபெயர்த்துச் செல்வாக்கடைந்த துபாஷ் வீரபத்திர முதலியாரின் மூத்த மகன் வழியில் தாம் ஐந்தாம் தலைமுறை என்றார். ஐந்து எப்படிப் போதும்? இந்த வம்சத்தில் எல்லோரும் நாற்பது வயதுக்கு மேல்தான் பிள்ளை பெற்றிருக்க வேண்டும். கேட்க வாயெடுத்தேன். கேசரி வந்துவிட்டது. சர்க்கரை ரேஷனில் இருக்கும்போது கேசரி கொடுப்பவரிடம் கணக்குக் கேட்பது மரியாதை இல்லை.

எங்கள் ஆராய்ச்சி முறை மற்றவர்களுடையது போல் தகப்பனில் தொடங்கி மேலே ஏறுவதில்லை. முதலில் உச்சியில் ஒரு பிரமுகரைத் தேர்ந்துகொள்கிறோம். பிறகு அங்கிருந்து கயிறு விட்டு இறங்குகிறோம். கயிறு எட்டாத இடத்தில் ‘ஏடு சிதிலம்’ என்று எழுதிக்கொள்கிறோம். இருவர் ஆமோதித்தால் சங்கத்தின் முத்திரை. கீழே என் கையெழுத்து.

பாரசீக தஸ்தாவேஜுகளைப் படித்துச் சொல்பவர் ஷஃபியுல்லா சாகிப். கச்சேரி ரோட்டில் அத்தர் கடை வைத்திருக்கிறார். தம் வம்சாவளியை மட்டும் வாசிக்கவே மாட்டேன் என்கிறார். “எங்க ஆளுங்க எல்லாருமே அரபு நாட்டுலேருந்து கப்பல்ல வந்தவங்கதான், கருணாகரன் சார். கப்பல்தான் பாவம், எப்படித் தாங்குச்சோ.”

பிப்ரவரி 18

ஆழ்வார்பேட்டையிலிருந்து தங்கை வேலம்மாள் வந்தாள். அவள் மகள் சுலோச்சனாவுக்கு இடம் அமைந்துவிட்டதாம். மாப்பிள்ளை பொன்னுரங்க முதலியாரின் மகன் ஏகாம்பரம், துறைமுகத்தில் உத்தியோகம். பையன் பெண்ணைப் பார்த்தாயிற்று. அதைவிட முக்கியம், பெண்ணும் பையனைப் பார்த்துச் சரி என்றாயிற்று.

பெண்ணுக்கு இருபத்திரண்டு. பள்ளிக்கூடத்தில் வாத்தியாரம்மா. முன்பு வந்த இரண்டு இடமும் ‘பெண் பி.ஏ., பையன் இன்டர்’ என்று வெற்றிலையைக்கூடத் தொடாமல் போயின. ஏகாம்பரத்துக்கு அந்தக் கவலை இல்லையாம்.

“இதுவும் தட்டிப்போச்சுன்னா அவ கல்யாணமே வேணாம்னு உக்காந்துடுவா, அண்ணா. சொல்லிட்டா என்கிட்டே.”

என்ன தட்டிப்போகும்? இரு வீடும் நல்ல வீடு. இரு தகப்பன்மாரும் நம் சங்கத்து மெம்பர்கள் வேறு.

பிப்ரவரி 25

தட்டிப்போய்விட்டது. சங்கத்தாலேயே.

ஆழ்வார்பேட்டை வீட்டில் நிச்சயதார்த்தம். என் தங்கை புருஷன் தணிகாசலம் சரிகை வேஷ்டியில் ஜொலித்தார். தாம்பூலத் தட்டை எடுக்கும் முன் இரு வம்சத்தையும் சபையறியச் சொல்லும்படி புரோகிதர் கேட்டார். அதற்காகவே பிறந்தவர்போல் பொன்னுரங்கம் எழுந்தார். “துபாஷ் வீரபத்திர முதலியார் மூத்த குமாரர் வழியில்…”

தணிகாசலமும் விடவில்லை. தொண்டையைக் கனைத்துக்கொண்டு, “துபாஷ் வீரபத்திர முதலியார் இளைய குமாரர் வழியில்…”

புரோகிதர் தட்டைக் கீழே வைத்தார். “அப்போ நீங்க ரெண்டு பேரும் பங்காளிங்க ஆச்சே! பிள்ளையும் பொண்ணும் அண்ணன் தங்கையில்ல ஆவுது? இதுக்கு என்னைக் கூப்பிட்டீங்களே!”

தணிகாசலத்தின் சித்தப்பா சின்னப்பையன் முதலியார், எழுபத்தெட்டு வயது, காது மந்தம், உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தார். “காபி ஆறுது. யாராச்சும் போயிட்டாங்களா? இப்படிக் குந்திக்கினு இருக்கீங்க?”

இது முன்பே யாருக்கும் தெரியாதா? தெரியாது. நம் சங்கத்தில் ஒருவர் வம்சாவளியை இன்னொருவர் கேட்பது வழக்கமில்லை. ஆனால் நான்? போன வருஷம் தணிகாசலத்துடையதையும் இந்த மாதம் பொன்னுரங்கத்துடையதையும் என் கையால்தான் பிரதி எடுத்தேன். உறைக்கவே இல்லை. இரண்டையும் நான் நம்பவில்லை; நம்பாதவனுக்கு எப்படி உறவு தெரியும்?

பிப்ரவரி 28

இருவரிடமும் தனித்தனியே உண்மையைச் சொல்லிப் பார்த்தேன் — இந்த வம்சாவளிகளுக்கு ஆதாரம் கிடையாது என்று.

பொன்னுரங்கம்: “தணிகாசலத்துடையது புளுகுன்னு எனக்கு அப்பவே தெரியும்.”

தணிகாசலம்: “மச்சான், பொன்னுரங்கத்தைப் பத்தி இவ்வளவு தைரியமா நீங்கதான் சொல்லியிருக்கீங்க.”

மார்ச் 4, ஞாயிறு

விசேஷக் கூட்டம். ஒருவரும் தூங்கவில்லை.

ஷஃபியுல்லா சாகிப் ஒரு வழி சொன்னார். “துபாஷுக்கு ஒரு பொண்ணு இருந்ததுன்னு வெச்சுக்குங்க. உங்கள்ல ஒருத்தர் அந்தப் பொண்ணு வழின்னு ஆயிட்டா பங்காளி போயி மாமன் முறை வந்துடுமே. அப்புறம் கல்யாணம் பண்ணலேன்னாத்தான் தப்பு.”

சபையில் மகிழ்ச்சி. ஆனால் எங்கள் விதிப்படி வம்சாவளியில் பெண்கள் பெயர் எழுதுவதில்லை. அதனால்தான் நூறு குடும்பத்தை ஆராய்ந்தும் எங்களுக்கு இதுவரை ஒரு தாயார் கிடைக்கவில்லை. விதியை ஒத்திவைத்து, துபாஷ் அவர்களுக்கு ஒரு புதல்வியை ஏகமனதாக அனுமதித்தோம்.

பிறகு கேள்வி வந்தது: அவள் வழியில் வந்தவர் யார்? பொன்னுரங்கம் தணிகாசலத்தைக் காட்டினார். தணிகாசலம் பொன்னுரங்கத்தைக் காட்டினார்.

“பொண்ணு வழியா? நானா? மீசையைச் சிரைச்சுக்கினு வரச் சொல்றீங்களா?” என்றார் தலைவர்.

காலையில் அங்கீகாரம் பெற்ற அந்த அம்மாள் மத்தியானத்துக்குள் சந்ததி இல்லாமல் போனாள்.

மார்ச் 10

சுலோச்சனா பள்ளிக்கூடத்திலிருந்து நேரே இங்கே வந்தாள். உட்காரவில்லை.

“மாமா, நான் யாரோட கொள்ளுப்பேத்தின்னு எனக்குத் தெரிய வேணாம். யாரோட பெண்சாதின்னு மட்டும் கேட்டுச் சொல்லுங்க.”

சங்கம் பரிசீலித்து வருகிறது என்றேன். சொன்னதுமே நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

“ரெண்டும் பொய்யின்னு தெரிஞ்சும் கையெழுத்துப் போட்டீங்க. ஏன்?”

ஏன்? வேடிக்கையாக இருந்தது. அவ்வளவுதான். ஐம்பது வயது வரை ஊரைப் பார்த்துச் சிரித்தே பழகிவிட்டேன். அவள் அழவில்லை, அழுதிருந்தால் தேவலை. குடையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

மார்ச் 17

சின்னப்பையன் முதலியார் காலமானார். மத்தியானம் படுத்தவர் எழுந்திருக்கவில்லை. தணிகாசலத்துக்கு நாலு வயதில் தகப்பன் போனபின், கல்யாணமே செய்துகொள்ளாமல் அவரை வளர்த்தவர். தணிகாசலம் இப்படி அழுது நான் பார்த்ததில்லை. துபாஷ் கிபாஷ் எல்லாம் எங்கோ போயிற்று. காலைப் பிடித்துக்கொண்டு ஒரே வார்த்தை. “நைனா, நைனா.”

மார்ச் 18

காகிதக் கட்டுப்பாட்டு ஆபீசுக்கு ஒரு மனு. சங்கத்தின் மலர் அச்சிட. தலைவரின் கையெழுத்துக்காகக் காலையில் போயிருந்தேன். ஆழ்வார்பேட்டைச் சேதியைச் சொல்ல இடமே கொடுக்காமல் அவர் காபி டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு, அறுபத்துமூவர் உற்சவத்தன்று தாம் போடப்போகும் தண்ணீர்ப் பந்தலைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். மூன்று வருஷம் அலைந்து இந்த வருஷம்தான் மாட வீதியில் இடம் கிடைத்திருக்கிறது. சுவாமி பந்தலண்டை வரும்போது இவர் தலையில் கோவில் மரியாதையாகப் பரிவட்டம் கட்டுவார்கள். 26-ம் தேதி திங்கட்கிழமை உற்சவம், இன்னும் எட்டு நாள்.

வாசலில் மண்ணாங்கட்டி வந்து நின்றான். ஆழ்வார்பேட்டைப் பக்கம் சாவுச் சேதி சொல்கிறவன்.

“சாமி, சின்னப்பையன் மொதலியாரு தவறிட்டாருங்கோ. பங்காளி ஊட்டுக்கு மொதல்ல சொல்லிட்டு வான்னு வேலம்மா அனுப்பிச்சாங்கோ.”

“எந்தப் பங்காளிடா?”

“இன்னா சாமி இப்டிக் கேக்குறீங்கோ? நீங்களும் அவுங்களும் ஒரே துபாசி பேரனுங்கன்னு ஊரே பேசிக்கினு கீது. தாம்பூலம் மாத்த வுடாத பங்காளி, சாவு உளுந்தா மட்டும் எந்தப் பங்காளியா?”

உள்ளேயிருந்து அவர் மனைவியின் குரல்: “அந்தக் காபியை வெச்சுடுங்க. தீட்டுக் காதுல விழுந்தாச்சு, தலை முழுகாம எதையும் தொடாதீங்க.”

பங்காளித் தீட்டு பதினாறு நாள். கோவில் வாசலை மிதிக்கக் கூடாது. பரிவட்டத்தைக் கனவில்கூடக் கட்டிக்கொள்ள முடியாது.

டம்ளரை எங்கே வைப்பது என்று தெரியாமல் பொன்னுரங்கம் என்னிடம் கொடுத்தார்.

மார்ச் 20

தலைவர் என்னை ஆழ்வார்பேட்டைக்குத் தூது அனுப்பினார். சட்ட நுட்பம் ஒன்று கண்டுபிடித்திருக்கிறார்: சங்கம் அங்கீகரித்த தணிகாசலத்தின் வம்சாவளியில் சின்னப்பையன் என்று ஒருவரே இல்லை, இல்லாதவர் சாவுக்குத் தீட்டு உண்டா?

வாஸ்தவம்தான், இல்லை. ஆண் சந்ததி இல்லாதவர்களை நாங்கள் எழுதுவதில்லை. இடம் வீண் என்பது சங்கத்தின் கொள்கை.

இதை வேலம்மாளிடம்தான் சொன்னேன். “அவர் இல்லவே இல்லேன்னா முந்தாநேத்துக் கிருஷ்ணாம்பேட்டையிலே எரிஞ்சது யாரு, அண்ணா?”

நான் செருப்பைத் தேடினேன்.

“போய்ச் சொல்லுங்க. எட்டுத் தலைமுறை, ஒம்பது தலைமுறைன்னு எழுதியிருந்தா தீட்டு ஒரு முழுக்கோட போயிருக்கும். அஞ்சாம் தலைமுறைன்னு துபாஷ் மடியிலே போயி உக்காந்துக்கினது அவர்தானே? பங்காளின்னா பதினாறு நாள் மூலையிலே குந்தட்டும். இல்லேன்னா பங்காளி இல்லேன்னு வாயாலே கூட வேணாம், நடந்து காட்டட்டும்.”

“சாவு வீட்டிலே இருந்துகொண்டு கல்யாணக் காரியம் பார்க்கிறாயே?”

“சித்தப்பா கடைசியா கேட்டதே அதைத்தான். ‘குட்டிக்குத் தாம்பூலம் எப்போ மாத்துறாங்க?’ன்னு. நான் என்ன பண்ணட்டும்?” அப்போதுதான் அவள் கண் கலங்கிற்று.

மார்ச் 23

தலைவர் தீட்டுக்குத் தலை முழுகினாரா, இல்லையா? தெரியவில்லை. வாசலில் நாலு நாளாகக் கோலம் ஒருநாள் இருக்கிறது, ஒருநாள் இல்லை. குடும்பத்துக்குள்ளேயே முடிவாகவில்லை போலும்.

மார்ச் 26, திங்கள்

அறுபத்துமூவர். தணிகாசலத்துக்கு நான் பங்காளி இல்லை, மச்சான். எனக்குத் தீட்டு மூன்று நாளில் போய்விட்டது. கூட்டத்தில் நசுங்கிக்கொண்டு போனேன். பார்த்தே ஆகவேண்டும் என்று இருந்தது. எனக்கா இந்தப் பதைப்பு?

பந்தல் இருந்தது. நீர்மோர்ப் பானைகள் இருந்தன. பானைகளுக்குப் பின்னால், தலையில் பரிவட்டமும் கழுத்தில் மாலையுமாகப் பொன்னுரங்க முதலியார். பக்கத்தில் ஏகாம்பரம் வருகிறவர்களுக்கெல்லாம் மோர் ஊற்றிக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் பையன் முகம் முழுக்கச் சிரிப்பு. என் வேஷ்டியில் பாதி மோர்.

அப்பன் என்னைப் பார்க்காததுபோல் கோபுரத்தைப் பார்த்தார்.

ஆழ்வார்பேட்டைக்கு ரிக்‌ஷா வைத்துக்கொண்டு போய் வாசலிலிருந்தே சொன்னேன். வேலம்மாள் சத்தம் போட்டுச் சிரித்துவிட்டு, துக்க வீடென்று நினைவு வந்து வாயைப் பொத்திக்கொண்டாள். சுலோச்சனா பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டிருந்தாள். தலை நிமிரவில்லை. ஆனால் அந்தத் தாளுக்கு மார்க் தாராளமாகப் போட்டதைப் பார்த்தேன்.

ஏப்ரல் 1, ஞாயிறு

மாதக் கூட்டம். தணிகாசலத்துக்கு இன்னும் தீட்டு, வரவில்லை.

தலைவர் எழுந்து, அண்மை ஆராய்ச்சியின் பயனாகத் தம் வம்சம் துபாஷ் வழி அல்ல, பல்லவர் காலத்து யானைப்படைத் தலைவர் ஒருவரின் வழி என்று தெரியவந்திருப்பதாக அறிவித்தார். நடுவில் ஆயிரத்துச் சொச்சம் வருஷம் ஏடு சிதிலம். இவ்வளவு தூரத்தில் பங்காளி யாரும் வந்து நிற்க முடியாது. கற்றுக்கொண்டுவிட்டார்.

“யானை பேர் தெரிஞ்சுதா?” என்று ஷஃபியுல்லா சாகிப் மிகுந்த பணிவுடன் கேட்டார். ஆராய்ச்சி நடந்துகொண்டிருக்கிறதாம்.

ஏகமனதாக நிறைவேறிற்று. கேசரி இல்லை, சுண்டல்.

ஏப்ரல் 22

தாம்பூலம் மாற்றியாயிற்று. சாவு விழுந்த வருஷத்துக்குள் கன்னிகாதானம் செய்யலாம் என்று புரோகிதரே சொல்லிவிட்டார். இந்தத் தடவை வம்சத்தைப் பற்றி அவர் ஒன்றும் கேட்கவில்லை. தட்டைக் கையில் திணித்துவிட்டுத்தான் மந்திரத்தையே தொடங்கினார்.

மே 9

ஐரோப்பாவில் யுத்தம் முடிந்துவிட்டதாம். அப்பளம் பொரிக்க எண்ணெய் எப்போது கிடைக்கும் என்று பேப்பரில் இல்லை.

சாயங்காலம் தணிகாசலம் கல்யாணப் பத்திரிகையின் புரூப்பை எடுத்துக்கொண்டு வந்தார். துபாஷ் எவ்வளவு இடம் அடைத்துக்கொண்டிருப்பாரோ என்ற பயத்துடன்தான் கண்ணாடியை மாட்டினேன். இப்போது அவர் முழுக்க முழுக்க தணிகாசலத்துக்கே சொந்தம். பங்கு கேட்க ஆளில்லை.

மேலும் கீழும் பார்த்தேன். துபாஷைக் காணோம்.

‘ஆழ்வார்பேட்டை காலஞ்சென்ற சின்னப்பைய முதலியார் பௌத்திரியும், தணிகாசல முதலியார் குமாரத்தியுமான…’

“மாப்பிள்ளை, பௌத்திரி என்றால் மகனுடைய மகள். அவருக்கு மகன் கிடையாதே.”

தணிகாசலம் என்னைப் பார்த்தார். கோபமில்லை.

“அப்போ நான் யாரு, மச்சான்?”

‘சௌபாக்கியவதி’யில் ஒரு துணைக்கால் விட்டுப்போயிருந்தது. அதை மட்டும் போட்டு அச்சாபீசுக்குத் திருப்பிக் கொடுத்தேன்.