என் தோல் தடிப்பும் உன் ராஜினாமாவும்

அன்புள்ள நெட்டையனுக்கு,

அம்மா எழுதுவது. நீ நேரத்துக்குச் சாப்பிட்டுத் தூங்கி நன்றாக இருப்பாய் என்று நினைத்துக்கொள்கிறேன், இங்கே நானும் அப்பாவும் சுகம்தான், என் தோல் மட்டும் எங்களோடு ஒத்துப்போகாமல் தனிக்குடித்தனம் நடத்துகிறது. அதைப் பற்றி உன் அத்தை உனக்குப் போன் செய்து, "உன்ன நெனச்சு நெனச்சுத்தான் உங்கம்மாவுக்கு ஒடம்பெல்லாம் இப்படித் தடிச்சுக் கெடக்கு" என்று அழுதாளாம், நீயும் உடனே வேலையை விட்டுவிட்டு வருவதாகச் சொல்லி, மேலதிகாரியிடம் ராஜினாமாவும் கொடுத்துவிட்டாயாம். அப்பா சொன்னார். அத்தை இதுவரை எத்தனையோ பேருக்கு வைத்தியம் பார்த்திருக்கிறாள், போனிலேயே ஒருவன் பிழைப்பைக் கெடுப்பது இதுதான் முதல் தடவை.

நடந்ததை நான் சொல்கிறேன், கேள். மாதக்கணக்கில் சாயங்காலமானால் கை, கழுத்து, தொடை என்று திட்டுத் திட்டாகத் தடித்து அரிக்கிறது, மறுநாள் டாக்டரிடம் காட்டப் போனால் ஒன்றையும் காணோம், நான் பொய் சொல்ல வந்தவள் மாதிரி நிற்கிறேன். டிரைவிங் ஸ்கூலில் என்னிடம் கார் பழகும் பேங்க் மேனேஜர், நான் கழுத்தைச் சொறியக் கையைத் தூக்கியதும் வலது பக்கம் திரும்பச் சொல்கிறேன் என்று எடுத்துக்கொண்டு யாரோ வீட்டு வாசலுக்குள் வண்டியை விட்டுவிட்டார். என் காலடியில் இருக்கும் இரண்டாவது பிரேக்கை நான் மிதித்திருக்காவிட்டால் அவர்கள் சாப்பாட்டு மேஜையில் போய் உட்கார்ந்திருப்போம். அப்பா துப்பறியக் கிளம்பினார். சோப்பு, முட்டை, மீன், தக்காளி, பக்கத்து வீட்டுப் பூனை, கடைசியில் நீ அனுப்பிய நீலப் போர்வை என்று வரிசையாக எல்லாவற்றையும் வீட்டை விட்டுத் துரத்தினார். தடிப்பு போகவில்லை, உப்புச்சப்பில்லாமல் தின்று நான் இளைத்ததுதான் மிச்சம். பழிபோட வீட்டில் எதுவும் மிஞ்சாமல் போனபோதுதான் அத்தைக்கு உன் ஞாபகம் வந்தது.

இந்த முறை தடிப்பைப் போட்டோ எடுத்துக்கொண்டு தோல் டாக்டரிடம் போனேன். உன்னைவிடச் சின்னப் பெண். படங்களைப் பார்த்து, ரத்தம், தைராய்டு எல்லாம் பரிசோதித்துவிட்டுச் சொன்னாள், கிருமி வந்தால் சண்டை போட வேண்டிய எதிர்ப்பு சக்தி எனக்கு நிலைதவறி, எதிரியே வராமல் ஆயுதத்தைத் தூக்குகிறதாம், அதனால் தோலுக்கடியில் கிளம்பும் அழற்சிதான் இந்தத் தடிப்பும் அரிப்புமாம். ஆளில்லாத வாசலைப் பார்த்துக் குரைத்துவிட்டு வீட்டுக்காரரையே கடிக்கிற காவல் நாய் என்று வைத்துக்கொள். எனக்கு உடனே உன் அத்தை முகம்தான் கண்முன் வந்தது. இது யாருக்கும் தொற்றாது, தினமும் மாத்திரை போட்டால் அடங்கும், என்றாவது தானாகவே போனாலும் போகும் என்றாள். இப்போதே பாதி அடங்கிவிட்டது. முட்டை திரும்ப வந்துவிட்டது, போர்வையும் வந்துவிட்டது.

கவலைப்பட்டால் கூடுமா என்றும் கேட்டேன். உன்னிடம் மறைப்பானேன், இருப்பதைக் கொஞ்சம் கிளறிவிடும், ஆனால் அதுவே காரணம் ஆகாது என்றாள். ஆகவே நன்றாக யோசித்துக்கொள். நீ இங்கே வந்து வேலையில்லாமல் சோபாவில் காலை நீட்டிப் படுத்துக்கொண்டு, காலையில் அத்தை புலம்பலையும் மாலையில் அப்பா புலம்பலையும் கேட்டுக்கொண்டு கிடந்தாயானால், அப்போது எனக்கு வரப்போகும் தடிப்பை எந்த மாத்திரையாலும் அடக்க முடியாது. அந்த வேலைக்காக எத்தனை இன்டர்வியூவில் அசடு வழிந்தாய் என்பது எனக்குத் தெரியும். மேலதிகாரியிடம் போய், விடவில்லை என்று சொல்லிவிடு, இன்னொரு தடவை அசடு வழிந்தால் ஒன்றும் குறைந்துவிடாது.

லீவு கிடைக்கும்போது வா. உன்னைப் பார்க்காமல் எனக்கு ஏக்கமாகத்தான் இருக்கிறது, இல்லை என்று யார் சொன்னது? சில நாள் சாயங்காலம் உன் அறையில் போய்ச் சும்மா உட்கார்ந்திருப்பேன். அங்கே இருக்கும்போது எனக்கு ஒரு நாளும் அரித்ததில்லை, இதை உன் அத்தையிடம் சொல்.

நோய்நொடியில்லாமல், எடுத்த வேலையில் நிலைத்து நன்றாக இரு. மேலதிகாரியிடம் பேசியதும் முதலில் எனக்குப் போன் செய், அத்தைக்கு இல்லை.

இப்படிக்கு,
இரண்டாவது பிரேக்கில் எப்போதும் கால் வைத்திருக்கும்
அம்மா