நல்லா இருக்கு என்று சொன்ன வாய்

அன்புக் கண்ணுவுக்கு அப்பா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும். இங்கே நாங்கள் சுகம் என்று பழக்கத்தில் எழுதிவிட்டு அடித்திருக்கிறேன், மேலே பார்த்தால் தெரியும். கடையில் கண்ணாடிக்குக் கீழே சீப்பு வைக்கிற பலகையில் தாளை வைத்து நின்றுகொண்டே எழுதுகிறேன், உட்கார்ந்தால் இடுப்பிலிருந்து கணுக்கால் வரை நெருப்பாய் இழுக்கிறது, நிற்கவும் ரொம்ப நேரம் முடியவில்லை. முதுகில் டிஸ்க் ஆபரேஷன் செய்தால் கால் வலி போய்விடும் என்றார்கள், தையல் காய்ந்தது, வலி போகவில்லை. அப்புறம் டாக்டர் குப்புறப் படுக்க வைத்து, திரையில் பார்த்துப் பார்த்து நரம்பு ஓரமாக ஊசி போட்டார். அது ஒரு வாரம் கேட்டது, உன் அம்மாவோடு கடைத்தெரு வரை நடந்தேன், பிறகு பழையபடி ஆகிவிட்டது. மறுபடி போனபோது அவர் ஆசையாக, இப்ப கால் எப்படி இருக்கு என்று கேட்டார். நல்லா இருக்கு சார் என்று சொல்லித் தொலைத்தேன். அப்ப அடுத்த ஊசி வேண்டாம், வேலைக்குப் போங்க என்று அனுப்பிவிட்டார். உண்மையைச் சொன்னா நாக்கு வெந்துடுமா என்று உன் அம்மா வாசலிலேயே பிடித்துக்கொண்டாள்.

என்ன செய்ய, என் தொழில் அப்படி. முடி வெட்டிப் பின்னால் கண்ணாடி காட்டினால் கோணலாக இருந்தாலும் எவனும் சொல்ல மாட்டான், நல்லா இருக்கு என்பான், அடுத்த மாதம் வேறு கடைக்குப் போய்விடுவான். கத்தி வைத்திருப்பவனிடம் குறை சொல்ல யாருக்கு வாய் வரும். ஊசி வைத்திருப்பவரிடம் எனக்கும் வரவில்லை. நேற்று நம் கணக்கு வாத்தியாருக்குச் சவரம் செய்யும்போது கால் சுண்டி இழுத்துக் கத்தி காதுக்குக் கீழே பட்டுவிட்டது. ரத்தத்தைத் துடைத்துக்கொண்டே அவரும் பரவாயில்லை, நல்லா இருக்கு என்றுதான் சொன்னார். அவர் போனதும் ஷட்டரை இறக்கிவிட்டு அழுதேன் கண்ணு. இனி யார் கழுத்தில் இந்தக் கையை வைப்பேன், கடையை விட்டால் எனக்கு என்ன தெரியும்.

வெள்ளிக்கிழமை காலை டாக்டரிடம் போகிறோம். அந்த நேரம் போன் போடு, அம்மா ஸ்பீக்கரில் வைப்பாள். நான் பழையபடி ஆரம்பித்தால் இதையே அவருக்குப் படித்துக் காட்டு, அதற்காகத்தான் அம்மாவை இதைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்கிறேன். நீயும் கம்ப்யூட்டர் முன்னால் கூன் போட்டு உட்காராதே. இருவரும் நிறைவாக வாழ வேண்டும். இன்றைக்குப் பேசும்போது எப்படிப்பா இருக்கு என்று கேட்பாய், நல்லா இருக்கு என்றுதான் சொல்வேன், நம்பாதே.

உன் அப்பா