டிசம்பர் மாதத்துப் பல் வலி

பே ரிட்ஜ், புரூக்ளின்
23 ஜனவரி 2014

அன்புள்ள டெஸ்பினா,

நலமா என்று கேட்கப் போவதில்லை. இன்று காலை கண்ணாடி அறையில் எனக்கு எதிரேதான் உட்கார்ந்திருந்தாய். நலமாகத்தான் இருந்தாய்.

காகிதத்தில் ஏன் எழுதுகிறேன் என்பது உனக்கே தெரியும். நம் வங்கியில் நாம் தட்டும் ஒவ்வொரு வரியையும் கண்காணிப்புத் துறையில் ஒருவர் உட்கார்ந்து படிக்கிறார். கைப்பேசியும் வங்கி கொடுத்ததுதான். இருபது வருடமாக ஒரே தளத்தில் வேலை செய்யும் இரண்டு பெண்கள் சண்டை போட வேண்டுமென்றால் தபால்தலை வாங்க வேண்டியிருக்கிறது.

போனஸ் சீட்டை மேசைமேல் கவிழ்த்து என் பக்கம் நகர்த்தினாய். பக்கத்தில் மனிதவளத் துறை விட்லாக், கையெட்டும் தூரத்தில் கண் துடைக்கும் காகிதப் பெட்டியோடு. "இது நிறுவனத்துக்குச் சவாலான ஆண்டு. உங்கள் பங்களிப்பை நிறுவனம் மதிக்கிறது" என்று வாசித்தாய். அந்தக் குரல் உன்னுடையது அல்ல, லிஃப்டுக்குள் மாடி எண்ணைச் சொல்லும் பெண்ணுடையது.

வேலைக்குச் சேர்ந்த வருடம் அப்போதைய மேலாளர் பக்லி நமக்குச் சொல்லிக் கொடுத்தது நினைவிருக்கிறதா? "சீட்டப் பாத்துச் சிரிச்சீங்கன்னா அடுத்த வருஷம் பாதிதான் வரும். பத்து லட்சம் டாலர் போட்டிருந்தாலும் மூஞ்சிய எழவு வீடு மாதிரி வெச்சுக்கணும். ஒருத்தன் சந்தோஷப்பட்டா, நாம அதிகமா குடுத்துட்டோம்னு அர்த்தம்." அதைக் கேட்டுவிட்டு நாம் இருவரும் கழிவறைக் கண்ணாடி முன் நின்று எழவு முகம் பழகினோம். உன்னுடையதுதான் அசல் போலிருந்தது. இன்று எனக்கு அந்த நடிப்பு தேவைப்படவில்லை.

போன வருடத்தைவிட நாற்பது சதவீதம் குறைவு. நம் கடன்பத்திர விற்பனைப் பிரிவின் வருமானத்தில் மூன்றில் ஒரு பங்கு என் வாடிக்கையாளர்களுடையது. கிறிஸ்துமஸ் விருந்தில் கையில் மதுக் கோப்பையோடு நீயே அதைச் சொல்லிக் கைதட்டச் சொன்னாய். ஆகவே ஒரே கேள்வி: ஏன்? லிஃப்டுப் பெண் வேண்டாம். நீ பதில் எழுது.

ஞாயிற்றுக்கிழமை வழக்கம்போல் வா. சண்டை நமக்குள். என் பிள்ளை டெக்லனுக்கு அவன் ஞானத்தாய் நீ வேண்டும். அட்டையில் ஒரு பாலம் கட்டி வைத்திருக்கிறான். உன் அடர்ந்த புருவத்துக்காக அவன் சைகை மொழியில் உனக்கு வைத்த பெயர் இருக்கிறதே, புருவத்தின் மேல் இரண்டு விரலை இழுத்துக் காட்டுவது, அதைச் செய்து செய்து என் உயிரை எடுக்கிறான்.

நோரீன்


அஸ்டோரியா, குவீன்ஸ்
27 ஜனவரி 2014

என் நோரீன்,

ஞாயிறு வந்தேன், பாலத்தைப் பார்த்தேன். அதில் லாரி போகும் என்று டெக்லன் கையாலேயே சத்தியம் செய்தான். நீ மட்டும் தொட்டியடியில் முதுகைக் காட்டி நின்றாய். உன் வீட்டுப் பாத்திரங்கள் இதுவரை அவ்வளவு சுத்தமாகக் கழுவப்பட்டதில்லை.

கேட்டாய், சொல்கிறேன். பணம் மேலிருந்து வருகிறது. முதலில் மேல்மாடி எடுத்துக்கொள்கிறது. பிறகு லண்டன் கிளை செய்த நஷ்டத்துக்கு நாம் எல்லோரும் அழுகிறோம். கை மாறிக் கை மாறி வரும் பனிக்கட்டி போல, என்னிடம் வந்து சேரும்போது உள்ளங்கை ஈரம்தான் மிச்சம். அதைப் பன்னிரண்டு பேருக்குப் பிரிக்க வேண்டும்.

அதில் ஹாஸ்கல் ஒருவன். டிசம்பரில் அவன் மூன்று முறை பல் டாக்டரிடம் போனான். நம் தொழிலில் அதற்கு என்ன அர்த்தம் என்று உனக்கு நான் சொல்ல வேண்டுமா? புதுக் கோட்டு, புது டை, மதியம் போய் மூன்று மணிக்குக் கன்னம் வீங்காமல் திரும்பி வருவது. வேறு வங்கி அவனைக் கூப்பிட்டிருக்கிறது. அவன் போனால் அவன் வாடிக்கையாளர்களும் போவார்கள். அவனைப் பிடித்து நிறுத்தப் பணம் வேண்டும். யாரிடமிருந்தாவது எடுத்துத்தானே ஆக வேண்டும்? நீ போகமாட்டாய் என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதானே.

கோபம் ஆறட்டும். அம்மா எள் பிஸ்கட் கொடுத்தனுப்பியிருக்கிறாள். நீ இளைத்துவிட்டாயாம்.

உன்
டெஸ்பினா


பே ரிட்ஜ்
30 ஜனவரி 2014

டெஸ்பினா,

"எல்லோருக்கும் தெரிந்ததுதானே." இந்த வரியைக் கோட்டைக்கூடக் கழற்றாமல் வாசலிலேயே நின்று படித்தேன். எல்லோருக்கும் எப்படித் தெரிந்தது? நான் ஒருத்தியிடம்தானே சொன்னேன்.

பேர்ல் தெரு சாப்பாட்டுக் கடை, டிசம்பர். நான் உள்ளே வந்ததும் நீ கேட்டாய், "என்னடி, வாயில பேஸ்பால் பந்தா?"

"கடவாய்ப் பல்லு. புடுங்கிட்டாரு."

"நிஜப் பல்லா?"

"நிஜப் பல்லுதான்டி. வேணும்னா ஓட்டையக் காட்டறேன், பாரு." பஞ்சை எடுத்துக் காட்டினேன். பக்கத்து மேசைக்காரர் தட்டோடு எழுந்து இடம் மாறினார்.

"நான் பயந்தே போயிட்டேன். நீயும் கெளம்பிட்டியோன்னு நெனச்சேன்" என்றாய்.

சூப் சூடாக இருந்தது, வாய் மரத்திருந்தது. சிகாகோவிலிருந்து ஒருவர் கூப்பிட்டதைச் சொன்னேன். இதைவிட ஒன்றரை மடங்கு தருவதாகச் சொன்னார்கள். அன்று மாலையே வேண்டாம் என்றுவிட்டேன். ஏனென்றால், நான்கு பள்ளி மாறிய பிறகு டெக்லனுக்கு இந்தப் பள்ளியில்தான் இரண்டு சிநேகிதர்கள் கிடைத்திருக்கிறார்கள். மூன்று பேரும் கையாலேயே சண்டை போட்டு என் மேசையில் பால் கொட்டுகிறார்கள். "காது கேக்காத பிள்ளைங்களுக்கு இதுமாதிரி இன்னொரு ஸ்கூல் எங்க இருக்கு? நான் எங்கயும் போகமாட்டேன், டெஸ்பினா" என்றேன். நீ என் கையைப் பிடித்துக்கொண்டாய்.

பிறகு அதே கையோடு எந்த அறைக்குப் போனாய்?

ஹாஸ்கலின் பல் டாக்டரை நான் பார்த்திருக்கிறேன். இரண்டாவது முறை அவன் போன அன்று காற்று வாங்க பேட்டரி பார்க் பக்கம் நடந்தேன். புதுக் கோட்டோடு பெஞ்சில் உட்கார்ந்து கடற்பறவைகளுக்கு பிரெட்சல் ரொட்டியைப் பிய்த்துப் போட்டுக்கொண்டிருந்தான். அவனை எந்த வங்கியும் கூப்பிடவில்லை. நான் சிரித்துக்கொண்டே திரும்பிவிட்டேன், யாரிடமும் சொல்லவில்லை. வலிக்காத பல்லுக்கு வெகுமதி, பிடுங்கிய பல்லுக்கு அபராதம் என்று அன்று எனக்குத் தெரியாது.

ஒரு சொல்லில் பதில் எழுது. என் மகனின் பள்ளியைப் பற்றி போனஸ் பிரிக்கும் குழுவில் சொன்னாயா?

நோரீன்


அஸ்டோரியா
3 பிப்ரவரி 2014

நோரீன்,

ஆம்.

ஆனால் ஒரு சொல்லோடு நிறுத்தமாட்டேன். அந்தக் குழுவில் நீ உட்கார்ந்ததில்லை. ஆளுக்கொரு தாள் கொடுப்பார்கள். பெயர், வருமானம், போன வருடப் பணம், கடைசியில் ஒரு கட்டம்: "போய்விடும் அபாயம்." அதிகம், நடுத்தரம், குறைவு. உன் பெயர் வந்தது.

"ஃபீனி?" என்றார் விட்லாக்.

"குறைவு."

"அவ்ளோ உறுதியா எப்படிச் சொல்றீங்க?"

எல்லோரும் என் முகத்தைப் பார்த்தார்கள். "பையன் இங்க படிக்கிறான். காது கேக்காத பிள்ளைங்க ஸ்கூல். ஊர விட்டு நகரமாட்டா" என்றேன்.

"ரொம்ப நல்லது" என்று எழுதிக்கொண்டார். அவருக்கு டெக்லன்மேல் ஒன்றுமில்லை. கட்டம் நிரம்பிய சந்தோஷம். அதற்குள் சாண்ட்விச் வந்துவிட்டது.

இப்போது நான் கேட்கிறேன். நான்கு வருடத்துக்கு முன் உனக்குத் திடீரென்று போனஸ் ஏறியதே, அது யாருடைய பணம்? நம் பிரிவிலேயே இருந்த பெக்கினுடையது. அவன் மனைவிக்கு அப்போது எட்டாம் மாதம். இந்த நிலையில் அவன் எங்கே போவான் என்று யாரோ சொன்னார்கள், கட்டம் நிரம்பியது. நீ கண்ணாடி அறையில் எழவு முகம் வைத்துக்கொண்டு வந்து, கழிவறையில் செருப்பைக் கழற்றிவிட்டு ஆடினாய். யார் வீட்டுப் பணம் என்று கேட்டாயா? என்னைத் திட்டு, எனக்கு அது வேண்டும்தான். ஆனால் புனிதர் பீடத்தில் ஏறி நின்றுகொண்டு திட்டாதே.

அடுத்த வருடம் சரிசெய்துவிடுகிறேன். என் வாக்கு.

டெஸ்பினா


பே ரிட்ஜ்
19 பிப்ரவரி 2014

டெஸ்பினா,

பெக்கின் விஷயம் உண்மை. சரியான இடத்தில்தான் குத்தினாய். நான் கேட்கவில்லை. ஆனால் பெக்கின் அதை உன் கையைப் பிடித்துக்கொண்டு சொல்லவில்லை.

ஹாஸ்கலைப் பற்றி ஒரு வார்த்தை. வெள்ளிக்கிழமை பணம் அவன் கணக்கில் ஏறியது. செவ்வாய்க்கிழமை காலை காபிக் கோப்பையை ஒரு பெட்டியில் போட்டுக்கொண்டு, எல்லோரிடமும் கைகுலுக்கிவிட்டுப் போய்விட்டான். நீங்கள் ஏற்றிக் கொடுத்த போனஸைக் காட்டித்தான் எதிர்த் தெரு வங்கியில் விலை பேசினானாம். அவன் கட்டத்தில் "அதிகம்" என்று எழுதியது சரிதான். அந்தக் கணிப்பைப் பாராட்டுகிறேன்.

மேலாளரிடம் முன்கூட்டியே சொல்ல வேண்டும் என்பது விதி. அடுத்த புதன் மதியம் நான் இடத்தில் இருக்கமாட்டேன். பல் டாக்டரிடம் போகிறேன்.

நோரீன்


அஸ்டோரியா
27 பிப்ரவரி 2014

என் நோரீன்,

நேற்று மூன்று மணிக்குத் திரும்பி வந்தாய். கறுப்புக் கோட்டு. கன்னத்தில் ஒரு வீக்கமும் இல்லை. என் அறையைக் கடந்து போகும்போது திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. விட்லாக் பார்த்துவிட்டார்.

"ஃபீனி எங்க போயிருந்தாங்க?"

"பல் டாக்டர்கிட்ட."

அவர் முகம் சுண்ணாம்புச் சுவராகிவிட்டது. ஹாஸ்கல் போய் ஒரு வாரம்தான் ஆகிறது, நீயும் போனால் நம் பிரிவில் பாதி காலி. உடனே கட்டத்தை "அதிகம்" என்று மாற்றினோம். நோரீன், பத்தே நிமிடம். ஜனவரியில் இல்லவே இல்லை என்று சத்தியம் செய்த பணம் பத்து நிமிடத்தில் வந்தது. உனக்கு வெட்டியது முழுவதும், அதற்கு மேலும் கொஞ்சம். திங்கட்கிழமை தாள் தருவார். நான் உனக்காகச் சண்டை போட்டேன், அதையாவது நம்பு.

இப்போது எனக்கு மட்டும் சொல். நிஜப் பல்லா? யார் கூப்பிட்டார்கள், மறுபடியும் சிகாகோவா? போனால் டெக்லன் பள்ளி என்ன ஆகும்? நேற்றிரவு முழுவதும் தூக்கமில்லை. ஞாயிறு வருகிறேன், உட்கார்ந்து பேசுவோம்.

உன்
டெஸ்பினா


பே ரிட்ஜ்
3 மார்ச் 2014

டெஸ்பினா,

விட்லாக் தாளைக் கொடுத்தார். கையெழுத்துப் போட்டேன். எழவு முகம் மறக்காமல் வைத்துக்கொண்டேன்.

நிஜப் பல். பிடுங்கியதற்குப் பக்கத்துப் பல், அடைத்தது உடைந்துவிட்டது. அதே டாக்டர், அதே நாற்காலி. கறுப்புக் கோட்டு, மூன்றரைக்கு ஆசிரியர் ஓய்வூதிய நிதிக்காரர்கள் வருவதாக இருந்ததால். சிகாகோவும் இல்லை, எதிர்த் தெருவும் இல்லை.

டிசம்பரில் உன்னிடம் வாயைத் திறந்து காட்டினேன், நாற்பது சதவீதம் போயிற்று. பிப்ரவரியில் வாயை மூடிக்கொண்டேன், திரும்பி வந்தது. பக்லி முகத்தை மட்டும் சொல்லிக் கொடுத்தார், வாயை விட்டுவிட்டார்.

பணத்தைத் திருப்பித் தரமாட்டேன். அது நான் சம்பாதித்தது. விட்லாக்கிடம் உண்மையைச் சொல்ல வேண்டுமென்றால் சொல். ஒரு பல் அடைத்ததற்கு அவ்வளவு வாங்கித் தந்தவள் நீதான் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டியிருக்கும்.

உன் அம்மாவின் பிஸ்கட் டப்பாவைக் கழுவி உன் மேசைமேல் வைத்திருக்கிறேன். அவர்மேல் எனக்கு வருத்தமில்லை.

நேற்று வந்து வாசலில் பொத்தானை அழுத்தினாய். எங்கள் வீட்டில் மணி ஒலிக்காது, கூடத்து விளக்குதான் மினுக்கும். உனக்கு அது தெரியும், டெக்லனின் ஆறாவது பிறந்தநாளுக்கு அதை வாங்கி மாட்டியவளே நீதான். மூன்று முறை மினுக்கியது. நான் எழுந்திருக்கவில்லை. டெக்லன் பாலத்தைக் கீழே வைத்துவிட்டு ஓடி வந்து, புருவத்தின் மேல் இரண்டு விரலை இழுத்துக் காட்டி, கதவைக் காட்டினான்.

இல்லை, அவள் பல் டாக்டரிடம் போயிருக்கிறாள் என்று கையால் சொன்னேன்.

அவனுக்குப் பத்து வயது. நம்பிவிட்டான்.

நோரீன் ஃபீனி