எட்டுப் படையலுக்கு மான்

நவ. 3, திங்கள்

காலையில் −2. கார்க் கண்ணாடி முழுக்க உறைபனி, சுரண்டுகிற மட்டையைக் காணவில்லை. வீடு சூடாக்குகிற ஃபேர்னஸ் திருத்த வேலை மூன்று. யூனியன்வில் கிழவருக்குப் பழையதையே இன்னொரு குளிர்காலம் ஓட்டித் தர வேண்டுமாம். ஃபில்டர் வாங்க வேண்டும். மறக்கக்கூடாது.

இன்று மான் வேட்டை திறக்கிற நாள். இந்நேரம் பாங்க்ரொஃப்ட் பக்கக் காட்டில் மூன்று பேரும் ஆளுக்கொரு மரத்தடியில் குந்தியிருக்க வேண்டும். பரமண்ணை, ஜெயன், நான்.

பரமண்ணை நேற்றுக் காலை போய்விட்டார். அஜக்ஸ் வீட்டுக் கராஜில் சப்பாத்துக் கட்டக் குனிந்தவர் நிமிரவில்லை. நெஞ்சு. மலர் அக்கா உள்ளே அவருக்குப் பிளாஸ்கில் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு நின்றாராம். நான் ஓடிப் போனபோதும் அந்தப் பிளாஸ்க் மூடாமல் குசினியில் இருந்தது. மூடலாமா கூடாதா என்று தெரியாமல் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அவருடைய வேட்டைப் பை என் வான் வண்டிக்குள். சனிக்கிழமையே ஏற்றிவிட்டோம். இறக்க மனம் வரவில்லை.

நவ. 4, செவ்வாய்

மழை. வேலைக்குப் போகவில்லை. பின்னேரம் அஜக்ஸ்.

வீடு நிறையச் சனம். மலர் அக்கா அழுது முடித்தவர் மாதிரி இருந்தார். எட்டாம் நாள் ஞாயிறு வருகிறது. செத்தவர் ஆசைப்பட்டுத் தின்றதெல்லாம் சமைத்துப் படைக்கிற நாள். என்னென்ன என்று அவரே சொன்னார்: நண்டு, கணவாய்ப் பிரட்டல், பாரை மீன் குழம்பு, இடியப்பம், ஒரு போத்தல் விஸ்கி. கடைசியாக மான் இறைச்சி.

“போன வருசத்து இறைச்சி ஆடியோட முடிஞ்சுது. நத்தாருக்கு முதல் புதுசு வந்திடும் எண்டு சொல்லிக்கொண்டு திரிஞ்சவர்.”

மூலையில் ஒரு பெடியன்: “அன்ரி, ஃபார்ம் வெனிசன் கடையில வாங்கலாம்.”

“அது ஆடு மாதிரிக் கட்டி வளத்தது, அப்பன். அவர் தொடமாட்டார்.”

ஜெயன் எழும்பி எல்லாருக்கும் கேட்கச் சொன்னான்: “அக்கா, நான் கொண்டு வாறன். எட்டுக்கு மான் இருக்கும்.”

மலர் அக்கா தலையை ஆட்டினார். அன்று முழுவதும் அந்த முகத்தில் கொஞ்சமாவது வெளிச்சத்தைக் கண்டது அப்போதுதான். அதனால்தான் நானும் வாயைத் திறக்கவில்லை.

நவ. 5, புதன்

தகனம். குளிர், வெயில். பெட்டிக்குள் அவருக்குக் கோட் சூட். வேட்டைக்குப் போடுகிற ஓரேஞ்ச் தொப்பி இல்லாத பரமண்ணையை நவம்பரில் பார்த்ததே இல்லை. அழுதேன். மனைவி சாந்தி கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

கார் நிறுத்துமிடத்தில் ஜெ. பிடித்துக்கொண்டான்.

“மச்சான், அண்ணையின்ர டாக் உன்ர வானுக்கதானே கிடக்கு?”

சுட்ட மானில் கட்டுகிற அனுமதிச் சீட்டுத்தான் டாக். எங்கள் இருவரின் டாக்கும் கொம்புள்ள ஆண் மானுக்கு மட்டும். போன வருடம் முழு வேட்டைக்கும் ஒரேயொரு கொம்பன்தான் கண்ணில் பட்டது. பெண் மான் சுடச் சீட்டிழுப்பில் விழ வேண்டும். இந்த வருடம் பரமண்ணைக்கு விழுந்தது. எத்தனையோ வருடம் எழுதிப் போட்டுக் கிடைத்தது. பிளாஸ்ரிக் உறையில் போட்டுச் சந்தித்தவர்களுக்கெல்லாம் காட்டினார்.

“ஆள் இல்லாமல் ஆளின்ர டாக் செல்லாது ஜெயன். அண்ணையே எத்தினை தரம் சொன்னவர்.”

“அவருக்குத்தானே சுடப்போறம்? அவருக்குத்தானே படைக்கப்போறம்? அவற்ற டாக்கில அவற்ற மான். இதில ஆருக்கு என்ன களவு?”

பதில் இருந்தது. சுடலை வாசலில் சொல்ல முடியவில்லை.

நவ. 6, வியாழன்

நாலு ஃபேர்னஸ். விரலில் வெட்டு. சாந்தி: “நீங்கள் போகத்தான் வேணுமோ?” மெல்லக் கேட்டாள். போகாவிட்டால் ஜெ. தனியே போவான், தனியே போனால் இன்னும் மோசமாக எதையாவது செய்வான் என்றேன். அது பாதிதான் உண்மை. மலர் அக்காவின் முகம்தான் மிச்சப் பாதி.

பழைய வாக்குவாதம் ஒன்று நாள் முழுக்கத் தலைக்குள். ஒவ்வொரு வருடமும் காம்ப்பில் நடப்பது. வேட்டையைக் கண்காணிக்கிற மினிஸ்ட்ரி ஒஃபிசர்களைப் பற்றி.

ஜெ.: “பொலிஸ் என்ர வீட்டுக்க வர வாறண்ட் வேணும். உவைக்கு என்ர ட்ரங்கைத் திறக்க ஒண்டும் வேண்டாம். றோட்டில மறிக்கலாம், துவக்கைப் பறிக்கலாம், ஐஸ் பெட்டிக்க கையை விடலாம். ஊரில ஆமி மறிச்ச மாதிரிக் கிடக்கு எனக்கு.”

பரமண்ணை, தேத்தண்ணி உறிஞ்சிக்கொண்டு: “வீட்டில களவு போனால் வீட்டுக்காரன் முறைப்பாடு குடுப்பான். மான் போய் ஆரிட்டச் சொல்லும்? அதுதான் அவைக்கு அதிகாரம் கூட. ஆமி மறிச்சால் ஏனெண்டு கேக்கேலாது. உவையைக் கேள், சொல்லுவினம்.”

கேட்டுமிருக்கிறார். ஒருமுறை எங்களை மறித்த ஒஃபிசருக்கு வடை கொடுத்து, சட்டத்தில் சந்தேகம் கேட்டு, அரை மணி நேரம் போகவிடாமல் வைத்திருந்தார். அந்த மனுசன் தப்பினால் போதும் என்று ஓடினது.

நவ. 7, வெள்ளி

எழுதத்தான் வேண்டும்.

விடிய முன் புறப்பட்டோம். வழியில் பெற்றோல் அடித்த இடத்தில் உள்ளூர் வேட்டைக்காரர் இருவர் கோப்பிக்கு நிற்கிறார்கள். ஒருவர்: “மினிஸ்ட்ரி ஒஃபிசர்கள் என் சொந்தக் காணிக்குள் வந்து கேட்காமல் நிற்கிறார்கள். இது என்ன நாடு?” மற்றவர்: “போன வருடம் உன் காணியில் இராத்திரி லைட் அடித்துச் சுட்டவனைப் பிடித்ததும் அவர்கள்தானே.” முதல் ஆள் கோப்பியைக் குடித்தார். ஜெ. முதல் ஆளைப் பார்த்துச் சிரித்தான்.

காட்டில் மெல்லிய பனி. பரமண்ணை வழக்கமாக இருக்கிற பெரிய ஹெம்லொக் மரத்தடியில் யாரும் இருக்கவில்லை. இருவரும் சொல்லிக்கொள்ளாமலே அந்த இடத்தை விட்டுவிட்டோம்.

பத்து மணி போல் பெண் மான் ஒன்று அந்த ஹெம்லொக்கைத் தாண்டி வந்தது. நின்றது. ஜெ. சுட்டான். ஒரே வெடி. துடிக்கவில்லை.

டாக்கில் சுட்ட திகதியை வெட்டிக் குறித்தது நான். என் கத்தி, என் கை. அவருடைய பெயர் அச்சில் இருக்கிறது, அதற்குக் கீழே வெட்டினேன். குடலை எடுத்து வானில் ஏற்றினோம். பிறகு ஜெ. வானின் கதவில் தலையை முட்டுக்கொடுத்துக் குழறினான். “அண்ணை, உங்கட மான் அண்ணை.” நானும்.

பெருந்தெருவில் ஏற முன் மறித்தார்கள். ஒரே ஒரு மினிஸ்ட்ரி ட்ரக், ஒரு பெண் ஒஃபிசர். முப்பது வயது வராது. இடுப்பில் பிஸ்டல். வணக்கம் சொன்னாள். துவக்குகளை வாங்கிக் குண்டு இல்லை என்று பார்த்தாள். மானைப் பார்த்தாள். டாக்கைப் பார்த்தாள்.

“இதில் யார் பரமநாதன்?”

ஜெ.: “பின்னால வாறார்.” ஆங்கிலத்தில்தான் சொன்னான். நிகழ்காலத்தில். அதைக் கேட்டதும் எனக்குள் என்னவோ அறுந்தது. அவர் உண்மையிலேயே பின்னால் தன்னுடைய பழைய ட்ரக்கில் வருகிறார் என்று ஒரு கணம் திரும்பிப் பார்த்தேன். வெறும் றோட்டு.

“அவர் இறந்துவிட்டார்,” என்றேன். “ஞாயிற்றுக்கிழமை.”

தொப்பியைக் கழற்றினாள். அதை நான் எதிர்பார்க்கவில்லை. எல்லாவற்றையும் சொல்ல விட்டாள். எட்டாம் நாள், படையல், மலர் அக்கா. பொறுமையாகக் கேட்டாள். “உங்கள் நண்பருக்காக மனம் வருந்துகிறேன்,” என்றாள். “மானை நான் எடுக்கத்தான் வேண்டும். சுட்ட துவக்கையும், டாக்கையும்.”

ஜெ. கெஞ்சினான். அவன் யாரிடமும் கெஞ்சிப் பார்த்ததில்லை. முழு மானும் வேண்டாம், ஒரு கைப்பிடி இறைச்சி, ஒரு சட்டிக்கு.

“ஒரு துண்டு தருவதற்கும் எனக்கு அதிகாரம் இல்லை.”

முழுவதையும் எடுக்க அதிகாரம் இருக்கிறது, ஒரு துண்டு கொடுக்க இல்லை. அவளுக்கும் அது நன்றாக இருக்கவில்லை என்று முகத்தில் தெரிந்தது. தன் புத்தகத்தில் எழுதப் பரமண்ணையின் பெயரை எழுத்துக் கூட்டச் சொன்னாள். ஒவ்வோர் எழுத்தாகச் சொன்னேன். இருபது வருட வேட்டையில் ஒரு எச்சரிக்கைகூட வாங்காத பெயர்.

மானைத் தனியே தூக்க முடியாமல் நின்றாள். ஒரு பக்கம் நான் பிடித்துக் கொடுத்தேன்.

வரும் வழியெல்லாம் ஜெ. அவளைத் திட்டினான். பிறகு சட்டத்தை. பிறகு என்னை: “வாயை வைச்சுக்கொண்டு இருந்திருந்தால் போயிருக்கலாம்.” போயிருக்கலாம்தான். அஜக்ஸ் வரை போயிருக்கலாம். அதற்கு அப்பால் அந்த இறைச்சியைப் பரமண்ணைக்கு முன்னால் எப்படி வைப்பது?

நவ. 8, சனி

மார்க்கம் தமிழ்க் கடையில் ஆட்டிறைச்சி வாங்கினேன். எலும்போடு. மலர் அக்காவுக்குப் போன்.

“அக்கா, மான் கிடைக்கேல்லை. ஒண்டும் வெளிக்கிடேல்லை.”

“பரவாயில்லைத் தம்பி. கவனமா வந்து சேந்தனீங்கள்தானே.”

வழக்கு வருமாம். யாரைக் கேட்பது? இப்படி ஏதாவது என்றால் பரமண்ணையைத்தான் கேட்பது வழக்கம்.

நவ. 9, ஞாயிறு

காலையிலிருந்து நல்ல பனி. 401 பெருந்தெருவில் ஊர்ந்து ஊர்ந்து அஜக்ஸ்.

நண்டு, கணவாய், பாரை, இடியப்பம், விஸ்கி. நடுவில் ஆட்டிறைச்சிக் கறி, மான் கறிக்குப் போடுகிற அதே மிளகு தூக்கலாக. வாழை இலை விறைத்துப் போயிருந்தது, வெந்நீரில் நனைத்தெடுத்தார்கள். ஜெ. சுவரோடு ஒட்டி நின்றான். என்னைப் பார்க்கவில்லை.

மலர் அக்கா படத்துக்கு முன்னால் குந்தி, இலையைச் சரிசெய்து, பக்கத்தில் இருப்பவரிடம் சொல்வது மாதிரிச் சொன்னார்:

“இந்த முறை மான் ஆப்பிடேல்லையாம். ஆடுதான். பெடியள் குளிருக்க போய்த் தேடினவங்கள். குறை நினையாதேங்கோ.”

என்னால் அங்கே நிற்க முடியவில்லை. வெளியே போய்ப் பனி தள்ளினேன். வாசல், படி, பக்கத்து வீட்டு வாசலும். ஜெ. பின்னால் வந்து மற்றச் சவளை எடுத்தான். சேர்ந்து தள்ளினோம்.

நவ. 12, புதன்

−6. ஃபேர்னஸ் ஐந்து. ஜெ. போன் எடுத்தான். லோயர் ஒருவரைக் கேட்டானாம், குற்றத்தை ஒத்துக்கொள் என்றாராம். “அந்த ஒஃபிசர்ப் பெட்டை மேல எனக்குக் கோவமில்லை மச்சான்,” என்றான். பிறகு, “கோவம்தான்,” என்றான். பிறகு வைத்துவிட்டான்.

நவ. 15, சனி

மழையும் பனியும் கலந்து. பரமண்ணையின் பையைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். தொப்பி, கையுறை, கொம்பஸ், ஒரு பொட்டலம் இஞ்சி மிட்டாய். மலர் அக்கா ஒவ்வொன்றாக எடுத்து மேசையில் வைத்தார். பையின் பக்கப் பொக்கற்றில் டாக் இருந்த பிளாஸ்ரிக் உறை, வெறுமையாக. அதை எடுக்க மறந்துபோனேன். கையில் வைத்துத் தடவிப் பார்த்தார்.

தேத்தண்ணி தந்தார். ஃபேர்னஸ் சத்தம் போடுகிறது என்றார். பார்த்தேன், பெல்ட். அடுத்த கிழமை மாற்றித் தருவதாகச் சொன்னேன்.

வாசலில் சப்பாத்துக் கட்டக் குனிந்தபோது பின்னால் வந்து நின்றார்.

“தம்பி, அந்தப் பிள்ளை வெள்ளி பின்னேரமே போன் எடுத்தது.”

“எந்தப் பிள்ளை அக்கா?”

“மானைப் பறிச்ச பிள்ளை. லைசென்ஸில கிடந்த நம்பராம். அவற்ற பேரைச் சொல்லி, எப்ப செத்தவர் எண்டு கேட்டுது. பிறகு, மன்னிச்சுக்கொள்ளுங்கோ எண்டு ரெண்டு தரம் சொல்லிச்சுது.”

நாடாவைக் கட்ட முடியவில்லை. நிமிரவும் முடியவில்லை.

“அப்ப, அக்கா, ஞாயிறு படைக்கேக்க...”

“எனக்குத் தெரியும். அவருக்குத்தான் நான் சொல்லேல்லை.”