கீழ்வீட்டுச் செவ்வந்திக்கு வெளிச்சம்

அக்டோபர் 9, வியாழன்

காலையிலிருந்து மூடாக்கு. மழை இல்லை. பதினோரு தொட்டியும் மாடியிலிருந்து இறக்கியாயிற்று. பதினெட்டுப் படி. இவருக்கு இடுப்புப் பிடிப்பு. மூத்தாரும் அவர் மனைவியும் மேலே சுவரில் சாய்ந்து வேடிக்கை பார்த்தார்கள். ஒரு தொட்டிக்குக் கூடக் கை கொடுக்கவில்லை.

பாகம் பிரித்ததில் கீழ்வீடு எங்களுக்கு. மேல்வீடும் மொட்டைமாடியும் அவர்களுக்கு. ஒன்பது வருஷமாக அந்த மாடியில் நான் வளர்த்த செவ்வந்தியைப் பற்றிப் பத்திரத்தில் ஒரு வரி இல்லை. கீழே மருந்துக்குக்கூட வெயில் கிடையாது. மூன்று பக்கமும் பட்டறைச் சுவர், இந்தக் கணபதி ஏரியாவே அப்படித்தான்.

கையெழுத்துப் போட்டு முடிந்ததும் ச. சொன்னது, இரண்டு பக்கத்துச் சொந்தமும் உட்கார்ந்திருக்கும்போது:

"சூரியன் எங்க பங்குல வந்துபோச்சு அம்மணி. நா என்ன பண்ணட்டும்?"

(ச. என்றால் சரோஜா. மூத்தார் மனைவி. முழுப்பெயர் எழுதி மை தீர்க்க இஷ்டமில்லை.)

நான்: "உங்க சூரியன நீங்களே வெச்சுக்குங்க அக்கா. பொங்கலுக்கு எங்கூட்டு ரூமுக்குள்ளயே பூக்க வெக்கறனுங்க."

"பூக்கலைன்னா?"

"பதினோரு தொட்டியும் உங்களுதுங்க."

எல்லாரும் கேட்டார்கள். வாய் என்னுடையது, யாரைக் குறை சொல்ல.

அக்டோபர் 11, சனி

பின்னறை காலி. எட்டுக்குப் பத்து, ஜன்னல் கிடையாது. இவருடைய மோட்டார் காயில் கட்டும் கம்பிச் சுருள்களைப் பட்டறைக்கே அனுப்பிவிட்டேன். முணுமுணுத்தார். முணுமுணுக்கட்டும்.

செய்ய வேண்டியது:
சுவருக்கு வெள்ளை அடிக்க (வெளிச்சம் திரும்பி அடிக்குமாம்)
சின்ன ஃபேன்
கொக்கி, சங்கிலி
லைட்!! எது?

டியூஷனில் இன்று ஒரு பையனுக்கும் கணக்கு ஏறவில்லை. எனக்கும்.

அக்டோபர் 13, திங்கள்

காந்திபுரத்தில் ஒரு கடை. ஊதா நிற லைட். பெட்டியில் பெரிய எழுத்தில் ஆயிரம் வாட். வீட்டில் மாட்டினால் அறை சினிமாப் பேய் வீடு மாதிரி. இலை பச்சையா மஞ்சளா என்றே தெரியவில்லை, பூச்சி வந்தால் எப்படிப் பார்ப்பது? இவர் டாங் டெஸ்டரை ஒயரில் மாட்டிப் பார்த்துச் சிரித்தார். நூறு வாட் கூட இழுக்கவில்லை.

திரும்பக் கொண்டுபோனேன். கடைக்காரன்: "அது ஆயிரம் வாட்டுக்குச் சமம்ங்க்கா."

"அப்ப நா குடுத்த பணமும் பத்து மடங்குக்குச் சமம்ங்க தம்பி. மிச்சத்தக் குடுங்க."

கொடுத்த பணத்தை மட்டும் வாங்கிக்கொண்டு வந்தேன்.

அக்டோபர் 15, புதன்

இவருடைய யோசனை: சோடியம் லைட். தெருவிளக்கில் இருக்குமே, அது. பட்டறையில் பழசு ஒன்று சோக்குடன் கிடந்தது. மாட்டினார். வெளிச்சம் சும்மா சொல்லக்கூடாது, கொட்டியது. அரை மணியில் அறை அடுப்படி. மேல் இலையெல்லாம் ஓரம் கருகி, கத்தரிக்காய் வதக்கியதுபோல். கழற்றச் சொன்னேன். "சூடு இல்லாம வெளிச்சம் வேணும்னா எங்க போறது?" என்றார். முப்பது வருஷம் கரெண்ட்டோடு பிழைப்பவர் கேட்கிற கேள்வி.

மேலே ச. யாரிடமோ போனில், எனக்குக் கேட்கிற மாதிரி: "செடிக்கு லைட்டு போடறாங்களாமா! நாளைக்கி ஃபேனு, அப்புறம் ஏசி."

ஃபேன் ஏற்கெனவே வாங்கிவிட்டேன். எப்படித் தெரிந்தது?

அக்டோபர் 18, சனி

தீபாவளி நெரிசல். தம்பி செந்தில் பல்லடத்திலிருந்து வந்தான். அவனுக்குக் கறிக்கோழிப் பண்ணை. வெளிச்சம் பற்றி ஊரில் தன்னை விட்டால் ஆள் இல்லை என்ற நினைப்பு.

"அக்கா, லைட்டப் பத்தி எங்கிட்டக் கேளுங்க. வெளிச்சம் இருந்தாத்தான் கோழி தீவனம் எடுக்கும். தீவனம் எடுத்தா எட ஏறும். செடியும் அதேதானுங்க. எவ்வளவு நேரம் குடுக்கறமோ அவ்வளவும் லாபம்."

கேட்க நியாயமாகத்தான் இருந்தது. அவனே ஓர் ஆளைப் பிடித்து எல்இடி பலகை இரண்டு கொண்டுவந்தான். வெள்ளை வெளிச்சம், கரெண்ட்டை மாற்றிக் கொடுக்க டிரைவர் என்று தனிப் பெட்டி, தொட்டால் கை சுடவில்லை. டெஸ்டரில் பார்த்தோம், பெட்டியில் போட்டிருந்ததையே இழுத்தது. முதல் யோக்கியமான லைட். செடிக்கு ஒன்றரை அடி மேலே சங்கிலியில் தொங்கவிட்டோம். லோடு அதிகம் என்று இவர் மாடிப்படிக்குக் கீழே இருக்கும் மீட்டர் பலகையிலிருந்து தனி ஒயர் இழுத்து, அறைக்கென்று தனி எம்.சி.பி. (லோடு ஏறினால் தானாக விழும் சுவிட்ச்) வைத்தார்.

டைமர் செந்தில் வைத்தது. காலை 5 முதல் இரவு 11. பதினெட்டு மணி நேரம்.

நவம்பர் 2, ஞாயிறு

செடிகள் பிரமாதம். இலை ஒவ்வொன்றும் உள்ளங்கை அகலம், கரும்பச்சை, தண்டு விரல் தடிமன். மாடியில் இருந்தபோது கூட இப்படி இல்லை. செந்திலுக்குப் போட்டோ அனுப்பினேன். "பாத்தீங்களா அக்கா" என்று பதில், கோழி படத்துடன்.

மொட்டு இல்லை. நேரம் இருக்கிறது.

நவம்பர் 6, வியாழன்

டியூஷன் முடிந்து எட்டரைக்கு வந்தால் அறை இருட்டு. எம்.சி.பி. விழுந்திருக்கிறது. இவர் சாப்பிட்டுக்கொண்டே: "ட்ரிப் ஆயிருக்கும். காலைல பாக்கலாம் விடு." காலை ஆறரைக்குத் தூக்கிவிட்டார். எரிகிறது.

நவம்பர் 7

மறுபடி.

நவம்பர் 10, திங்கள்

நாலாவது நாள். தினமும் சாயங்காலம். எம்.சி.பி. புதுசு மாற்றியும் அதே கதை. டிரைவர் மோசம் என்கிறார் இவர். ராத்திரியில் தூக்க விடமாட்டார், தீப்பிடிக்குமாம்; காலை ஆறரைக்குத் தன் கையால்தான். லைட் விற்ற ஆளைப் போனில் வாங்கு வாங்கென்று வாங்கினேன். பாவம், பத்து தடவை "மாத்தித் தர்றனுங்க்கா" என்றான். செந்திலையும் திட்டினேன். "எம் பண்ணைல ஒரு நாள் ட்ரிப் ஆனதில்லீங்க" என்று கோபித்துக்கொண்டு வைத்துவிட்டான்.

இடுப்பு வலித் தைலம் வாங்க.

நவம்பர் 16, ஞாயிறு

மாற்றிய டிரைவரும் அதேதான். இரண்டில் ஒரு பலகையைக் கழற்றிப் பார்த்தோம். அப்போதும் விழுகிறது. நல்ல லைட் என்று எதை நம்பி வாங்குவது? மூன்று கம்பெனி விவரத்தை எழுதி எழுதி அடித்தேன். பொங்கலுக்கு இரண்டு மாதம்கூட இல்லை. மொட்டு ஒன்று கூட இல்லை. தொட்டியைத் தொடும்போதெல்லாம் இது அவள் மாடியில் போய் உட்காரும் காட்சிதான். பால் வாங்கும்போது ச. கேட்டாள்: "செடியெல்லாம் எப்படி அம்மணி, சௌரியமா?" "ரொம்ப நல்லா இருக்குதுங்க அக்கா." இரண்டு பேரும் பல் தெரியச் சிரித்தோம். வீட்டுக்குள் வந்து பால் பாத்திரத்தை வைத்த சத்தத்தில் இவர் எழுந்துவிட்டார்.

நவம்பர் 23, ஞாயிறு

இவர் இன்று பகல் முழுக்க டெஸ்டரும் கையுமாக. கடைசியில் சொன்னார்: "இந்த லோடுக்கு இது ட்ரிப் ஆக வழியே இல்ல. ஞாயித்துக் கெழம ஆவறதில்ல, கவனிச்சயா?"

ஞாயிறு எனக்கு டியூஷன் இல்லை. நான் வீட்டில் இருக்கிறேன்.

லைட்டில் கோளாறு இல்லை. யாருடைய கையோ.

நவம்பர் 24, திங்கள்

டியூஷனுக்கு லீவு சொல்லிவிட்டு, செருப்பை வாசலில் போடாமல், ஸ்கூட்டரைப் பக்கத்துத் தெருவில் விட்டு, கதவுக்குப் பின்னால் நின்றேன். 48 வயதில் செய்கிற வேலை.

ஆறு பத்து. படியில் செருப்புச் சத்தம். சுவரைப் பிடித்து ஒவ்வொரு படியாக, பக்கவாட்டில். முட்டி வலி அவளுக்கு. மீட்டர் பலகையின் மூடி திறந்தது. டக்.

"என்னங்க அக்கா, இங்க என்ன தேடறீங்க?"

திடுக்கிட்டாள். ஆனால் அரை நிமிஷம்தான். "பல்லி ஓடுச்சு அம்மணி. பாத்தேன்."

"பல்லிதான் தெனமும் சுச்ச எறக்குதுங்களா?"

"உன்ற லைட்டு எங்கூட்டு வரைக்கும் அடிக்குது. தூங்க முடியறதில்ல."

"அந்த ரூமுக்கு ஜன்னலே இல்லீங்களே அக்கா. ஆறு மணிக்கேவா தூங்கறீங்க?"

"கரண்டு வெச்சுப் பூத்த பூவு சாமிக்கு ஆகாது கண்ணு. உன்ற நல்லதுக்குத்தான் பண்ணேன்."

கத்தினேன். தெருவே எட்டிப் பார்த்தது. அவளும் கத்தினாள். நான் 'ங்க' போட்டு, அவள் 'கண்ணு' போட்டு, மரியாதை குறையாமலே கழுத்தை அறுத்தோம். நடுவில் மூத்தார் வந்து "ஏனுங்க, விடுங்க" என்றார், யாரிடம் என்று தெரியவில்லை.

இன்று எழுத்து கோணல்.

நவம்பர் 26, புதன்

நேற்றும் அணைத்திருக்கிறாள். பிடிபட்ட பிறகும்! நான் இருந்தால் என்ன இல்லாவிட்டால் என்ன என்ற தைரியம். ராத்திரியில் மறுபடி ரகளை வேண்டாம் என்று இவர் காலை ஆறரைக்குத்தான் தூக்கினார். இன்று எனக்கு அழுகை வந்தது. ஆத்திரத்தில்தான்.

டிசம்பர் 5, வெள்ளி

மழைத் தூறல், குளிர். மூன்றாவது தொட்டியில் நுனியைப் பிரித்துப் பார்த்தேன். மிளகு அளவு. மொட்டு. கண்ணாடி போட்டுப் பார்த்தேன். ஒவ்வொரு தொட்டியாக. எல்லாவற்றிலும்.

பதினெட்டு மணி வெளிச்சம் இருந்தபோது ஒன்று கூட இல்லை. பாதி வெளிச்சம் போன பிறகு பதினோரு தொட்டியிலும். எனக்குப் புரியவில்லை.

டிசம்பர் 6, சனி

முதலில் நாற்றுக் கொடுத்த கோத்தகிரிக்காரருக்குப் போன். அங்கே பசுமைக்குடிலில் மேஸ்திரி. விழுந்து விழுந்து சிரித்தார்.

"பதினெட்டு மணி நேரம் லைட்டா? அப்படியே விட்டிருந்தா அடுத்த பொங்கலுக்கும் இலைதான் பறிப்பீங்க. செவ்வந்திக்கு ராத்திரி நீளமா இருந்தாத்தான் மொட்டு. நாங்க சாயங்காலம் அஞ்சரைக்கே கறுப்புத் துணி போட்டு மூடிருவோம். உங்களுக்கு யாரு மூடுனது?"

"ஒரு பல்லிங்க" என்று வைத்துவிட்டேன்.

மாலை 6.10 முதல் காலை 6.30. பன்னிரண்டு மணி இருபது நிமிஷம் இருட்டு. தப்பாமல், ஞாயிறு நீங்கலாக. மாடியில் ஒன்பது வருஷமும் தை பிறக்கும்போது பூத்ததே, ஏன் என்று நான் ஒரு தடவை கேட்டதில்லை. செந்தில் சொன்னபடி செய்து கறிக்கோழிதான் வளர்த்திருக்கிறேன். கெடுக்க வந்தவள் காப்பாற்றியிருக்கிறாள். வயிறு எரிகிறது. சிரிப்பும் வருகிறது.

டிசம்பர் 8, திங்கள்

இவர் மீட்டர் பலகைக்குப் பூட்டு வாங்கி வந்துவிட்டார். நல்ல கனமான பூட்டு. பிடுங்கி அரிசி டிரம்மில் போட்டேன். "என்ன ஆச்சு உனக்கு?" காரணம் சொல்ல முடியாது. சொன்னால் அண்ணனோடு டீ குடிக்கும்போது உளறிவிடுவார்.

"குடும்பத்துக்குள்ள பூட்டு போட்டா நல்லாருக்காதுங்க" என்றேன். என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார்.

டைமரை ஆறு மணிக்குத் திருப்பினால் வேலை முடிந்தது. திருப்பவில்லை. 11 என்றே இருக்கிறது. அவள் பதினெட்டுப் படி இறங்கட்டும், ஏறட்டும். இதில் எனக்கு ஒரு சந்தோஷம் இருக்கிறது. எழுதவே வெட்கம், ஆனால் இருக்கிறது. ஞாயிறு மட்டும் நானே அணைத்துவிடுவேன். மற்ற நாள் டியூஷன் முடிந்து வந்ததும் படியடியில் நின்று ஒரு கத்து, அவளுக்குச் சந்தேகம் வராமல்.

டிசம்பர் 17, புதன்

தொண்டை கட்டி, காய்ச்சல், டியூஷன் லீவு. நேற்று அவள் அணைத்தபோது வீட்டில் இருந்தும் கத்தவில்லை. இன்று ஆறு பத்து, ஆறே கால், ஆறரை. வரவில்லை. கத்தாவிட்டால் அவளுக்கு ருசிக்கவில்லை போல. நானே அணைத்தேன்.

டிசம்பர் 18

மிளகுக் கஷாயம் குடித்துவிட்டு வாசலில் நின்று, உள்ளே இருக்கும் இவரிடம் பேசுகிற மாதிரி, மேலே கேட்கும்படி: "எந்தப் பல்லி வந்தாலும் இந்தத் தடவ எஞ்செடி பூக்கறது நிச்சயமுங்க!" இவர் உள்ளேயே இல்லை.

6.10. செருப்புச் சத்தம். டக். தொண்டை கிழியக் கத்தினேன். எல்லாம் சரியாகிவிட்டது.

ஜனவரி 9, வெள்ளி

நாலு தொட்டி விரிந்துவிட்டது. மஞ்சள், அரக்கு. அறை முழுக்க அந்தப் பச்சைக் கசப்பு வாசனை. உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தேன், டியூஷனுக்கு லேட். இந்த லைட்டில் மஞ்சள் மஞ்சளாகவே தெரிகிறது. நல்ல லைட்தான். விற்ற ஆளுக்குப் போன் போட்டு மன்னிப்புக் கேட்க வேண்டும். நாளைக்கு.

ஜனவரி 15, வியாழன்

பொங்கல். பனி விலகி நல்ல வெயில், அவள் பங்கில். பதினோரு தொட்டியும் பூ. தட்டு நிறையப் பறித்துக்கொண்டு மேலே போனேன். சொல்ல வேண்டிய வாக்கியத்தை ஒரு மாதமாகத் தயார் செய்து வைத்திருந்தேன்: "உங்க கையாலதான் பூத்துதுங்க அக்கா." குளிக்கும்போதெல்லாம் சொல்லிப் பார்த்தது.

ச. நாற்காலியில். முட்டியில் பட்டை சுற்றி, காலை முக்காலி மேல் நீட்டி. தட்டைப் பார்த்தாள். முகம் செத்துவிட்டது. நான் எதிர்பார்த்ததைவிட நன்றாகவே செத்தது.

"ஜெயிச்சுப்போட்டேன்னு காட்ட வந்தயா?"

"ஆமாங்க அக்கா."

"இந்தத் தடவ ஏதோ பூத்துப்போச்சு. அடுத்த வருஷம் பாக்கலாம் அம்மணி."

வாக்கியம் நாக்கு நுனி வரை வந்தது. விழுங்கிவிட்டேன். "பாக்கலாமுங்க" என்று சொல்லிவிட்டு இறங்கி வந்தேன். சொன்னால் அவள் இனி இறங்கமாட்டாள். டைமர் அணைக்கும், சரிதான். ஆனால் டைமரைத் திட்ட முடியாது.