முதலில் சிரித்தவள்

அன்புள்ள பாப்பாவுக்கு, அப்பா எழுதிக்கொள்வது. நானும் அம்மாவும் சுகமாக இருக்கிறோம். உன் சுகத்துக்குப் போனில் நீ சொல்லும் "நல்லா இருக்கேன்ப்பா" என்ற ஒற்றை வாக்கியத்தைத் தவிர வேறு அத்தாட்சி எங்களிடம் இல்லை, ஆகையால் சாப்பிடுகிறாயா தூங்குகிறாயா என்பதையெல்லாம் விவரமாக எழுது. அம்மாவின் வலது முழங்கால் இப்போது பரவாயில்லை. மாடிப்படியில் நண்டு மாதிரி பக்கவாட்டில் இறங்குகிறாள், நான் பார்த்துக்கொண்டு நின்றால் "பாக்காதீங்க" என்கிறாள். ஏன் அப்படிச் சொல்கிறாள் என்று இத்தனை வருஷம் நான் யோசித்ததில்லை, போன வாரம்தான் உறைத்தது, அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். சமையலறைக் குழாய் மறுபடி ஒழுகுகிறது. குழாய்க்காரர் மூன்று தடவை வந்தார், மூன்று தடவையும் என்னோடு நின்று போட்டோ எடுத்துக்கொண்டு போனார், குழாய் அப்படியேதான் இருக்கிறது. நீ வேலையில் பாலத்துக்கு அடியில் தொங்கிக்கொண்டு விரிசல் இருக்கிறதா என்று சுத்தியலால் தட்டிப் பார்க்கும் படத்தை அம்மா ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டி வைத்திருக்கிறாள். இடுப்பு பெல்ட்டை வேறு யாராவது மாட்டிவிட்டாலும் நீயும் ஒரு தடவை இழுத்துப் பார்த்துக்கொள்.

போனில் சொல்லக்கூடியதை இந்த மனுஷன் ஏன் எழுதுகிறார் என்று நினைப்பாய். போனில் சொன்னால் என் குரல் தானாகத் தழுதழுக்க ஆரம்பித்துவிடும், அது நிஜமா தொழிலா என்று எனக்கே தெரியாது. இதற்கு முன்னால் இரண்டு கடிதம் எழுதிக் கிழித்துப் போட்டேன். இரண்டும் ரொம்ப நன்றாக வந்துவிட்டன. இது சுமாராகத்தான் வரும்போல் இருக்கிறது, இதையே அனுப்பிவிடுகிறேன்.

விஷயத்துக்கு வருகிறேன். மூன்று வாரத்துக்கு முன்பு ஒரு படக் கம்பெனியில் கூப்பிட்டு, என்னைக் கதாநாயகனாகப் போட்டுப் படம் எடுக்கப் போவதாகச் சொன்னார்கள். அறுபத்திரண்டு வயதில். என் சினிமா வாழ்க்கை உனக்குத் தெரியாததல்ல. டிவியில் நானும் நெட்டையும் ஜோடி சேர்ந்து வாராவாரம் அரைமணி நேரம் குட்டிக் குட்டி நாடகமாகப் போட்டு ஜனங்களைச் சிரிக்கவைத்த தைரியத்தில் சினிமாவுக்குள் நுழைந்தேன். முதல் படத்தில் கதாநாயகனிடம் ஓர் அறை வாங்கினேன், இரண்டாவது படத்தில் இரண்டு, அப்புறம் வளர்ச்சிதான். பத்து வருஷம் கதாநாயகனின் நண்பன், பத்து வருஷம் கதாநாயகியின் மாமா, அப்புறம் ஒரு படத்தில் மகளைத் தூர தேசம் அனுப்பிவிட்டு அவள் விட்டுப்போன செருப்பைப் பார்த்து அழுகிற அப்பா. இவருக்கு நடிக்கவும் வருமா என்று எல்லோரும் மூக்கில் விரலை வைத்தார்கள். அந்த அழுகை என் சொந்தச் சரக்கு இல்லை பாப்பா. நீ விமானம் ஏறிய அன்று அம்மா அழுதது. முகத்தை மறைக்காமல் வாயை மட்டும் பொத்திக்கொண்டு அழுதாள், நான் பக்கத்தில் நின்று தேற்றாமல் கவனித்துக்கொண்டிருந்தேன். படம் பார்த்துவிட்டு வெளியே வந்த அம்மா, வீடு வந்து சேரும்வரை என்னிடம் ஒன்றும் பேசவில்லை. படம் அவ்வளவு உருக்கிவிட்டது என்று நான் பெருமைப்பட்டுக்கொண்டேன்.

இப்போது கதாநாயகன் வேஷம் எதற்கென்றால், டிவியில் நான் போட்ட அந்தப் பழைய குமாஸ்தாவுக்கு. பெரிய மீசையை வைத்துக்கொண்டு புகார் வாங்கும் கவுன்ட்டரில் உட்கார்ந்திருப்பானே, அவனுக்கு. மேலதிகாரி கூப்பிடுவார், பெண்டாட்டி கூப்பிடுவாள், கட்டடமே பற்றி எரியும்போது தீயணைப்புக்காரர் கூப்பிடுவார், எல்லோருக்கும் அவன் பதில் ஒன்றுதான், நான் வயமாட்டேன் போ. அது யாருடைய வசனம் என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. உனக்கு அப்போது ஆறு வயது, 'ர' வராது, அந்த இடத்தில் 'ய' வரும். முடி வெட்டக் கூப்பிட்டபோது கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டு சொன்னாய். நான் அதை அப்படியே வாயில் போட்டுக்கொண்டு ஒத்திகைக்கு ஓடினேன், முடி வெட்ட அம்மா கூட்டிப்போனாள். அடுத்த வாரம் டிவியில் வந்தது, அதற்கடுத்த வாரம் பஸ் கண்டக்டரிலிருந்து வக்கீல்வரை எல்லோரும் வயமாட்டேன் என்றார்கள். பேட்டிக்குப் பேட்டி இதைக் கேட்பார்கள். வசனம் என் மகள் கொடுத்தது, பதிவின்போது முன்வரிசையில் உட்கார்ந்து முதலில் சிரித்தவளும் அவள்தான் என்று நானும் நாற்பது தடவையாவது சொல்லியிருப்பேன். கேட்கிறவர்கள் உருகிப்போவார்கள். படக் கம்பெனிக்காரர்களும் உருகினார்கள், அதையே நீ உன் வாயால் சொல்லி ஒரு நிமிஷ வீடியோ அனுப்பினால் விளம்பரத்துக்கு அமர்க்களமாக இருக்கும் என்றார்கள். உன்னை ஒரு வார்த்தை கேட்காமல், அனுப்பிவிடுவாள் என்று நான் வாக்குக் கொடுத்துவிட்டு வந்தேன்.

பழைய நடையும் குரலும் ஞாபகத்துக்கு வரட்டும் என்று போன வாரம் அவர்கள் ஆபீசில் உட்காரவைத்து அந்த முதல் நாள் பதிவைப் போட்டுக் காட்டினார்கள். ஒளிபரப்பில் வெட்டிப்போட்ட துண்டுகளும் அதில் இருந்தன. நான் வசனத்தைச் சொன்னதும் கேமரா பார்வையாளர் பக்கம் திரும்புகிறது. ஆளாளுக்கு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறார்கள். முன்வரிசையில் கோடு போட்ட கவுனில் நீ. நீ சிரிக்கவில்லை பாப்பா. இந்தப் பக்கத்து ஆளின் வாயைப் பார்க்கிறாய், அந்தப் பக்கத்து ஆளின் வாயைப் பார்க்கிறாய், அப்புறம் உன் வாயைக் கையால் மூடிக்கொள்கிறாய். மொத்தம் நான்கு விநாடி. மெஷினைப் போட்டவர் திரும்பப் போடவா என்று கேட்டார், வேண்டாம் என்றேன், பிறகு நானே போடச் சொன்னேன். நான் சொல்லிவந்தது பொய் என்று எனக்குத் தெரியாது, அதுதான் கேவலம். சொல்லிச் சொல்லி, நீ சிரித்ததை நான் கண்ணால் பார்த்ததாகவே நம்பிக்கொண்டிருந்தேன்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள், மடிப்பதை நிறுத்தவில்லை. முப்பது வருஷமாகத் தெரிந்த சங்கதியை இப்போது வந்து சொல்கிறீர்களே என்கிற மாதிரி ஒரு பார்வை பார்த்துவிட்டுச் சொன்னாள். பள்ளிக்கூடத்தில் உனக்கு 'வயமாட்டேன்' என்பதே பேராகிப்போனதாம். அதற்கப்புறம் நீ 'ர' வருகிற வார்த்தையையே விட்டுவிட்டாயாம். ரப்பர் என்பதற்கு அழிப்பான், டீச்சருக்கு மிஸ், காரம் என்றால் நாக்கு சுடுது, மரத்துக்கு உசந்த செடி. இந்தப் பெண் எவ்வளவு சுத்தமான தமிழ் பேசுகிறது என்று பள்ளியில் மெச்சினார்கள், எனக்கு நினைவிருக்கிறது, நானும் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டேன். மூன்றரை வருஷம் இந்த வீட்டில் நீ 'சரி' என்று சொன்னதே இல்லையாம், தலையைத்தான் ஆட்டுவாயாம். என் மகள் பிடிவாதக்காரி, லேசில் சரி சொல்ல மாட்டாள் என்று அதையும் நான் ஒரு பேட்டியில் சொல்லிச் சிரிப்பு வாங்கியிருக்கிறேன். யார் எப்படிப் பேசினாலும் ஒரு தடவை கேட்டால் பிடித்துக்கொள்ளும் காது என்று பெயரெடுத்தவன், என் வீட்டுக்குள் ஒரு குழந்தை தமிழிலிருந்து ஓர் எழுத்தைக் கழற்றிப் போட்டுவிட்டு வாழ்ந்தது காதில் விழவில்லை. நீ குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அந்தச் சத்தத்தில் 'ர' சொல்லிப் பழகினாயாமே. நான் கதவைத் தட்டித் தண்ணீரை வீணாக்குகிறாய் என்று கத்தினேன், அது நன்றாக ஞாபகம் இருக்கிறது. ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று அம்மாவைக் கேட்டேன். அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "அவளுக்கு 'ர' வந்த அன்னிக்கு எங்கிட்ட ஓடிவந்து சொன்னா. உங்ககிட்ட மட்டும் சொல்ல வேண்டாம்னா. அப்பா அதையும் எடுத்துட்டுப் போயிடுவாருன்னா."

இதைக் கேட்டுவிட்டு மறுநாள் காலை டைரக்டரிடம் போய் எனக்கு இந்த வேஷம் வேண்டாம் என்று சொன்னேன். அதோடு நிறுத்தியிருந்தால் நானும் ஒரு மனுஷன் என்று எழுதிக்கொள்ளலாம். டைரக்டர் நல்ல மனுஷர், மகளுக்குக் கஷ்டமாக இருக்கும் என்றதும் அதனாலென்ன, வேறு எழுத்தை மாற்றிக்கொள்வோம், 'ர'வுக்குப் பதில் 'ச' வராதவனாகப் போட்டுக்கொள்ளலாம் என்றார். நான் என்ன செய்தேன் தெரியுமா, சும்மா எப்படி இருக்கிறது என்று பார்ப்பதற்காக, 'ச' வராமல் இரண்டு வரி பேசிக் காட்டினேன். அறையில் இருந்த நான்கு பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். எனக்கு மனசு குளிர்ந்துபோனது. இன்னும் இரண்டு வரி பேசினேன். மறுக்கப் போன இடத்தில் ஒத்திகை பார்த்துவிட்டேன். 'ச' வராத குழந்தை எந்த வீட்டில் இருக்கிறதோ என்ற நினைப்பு, டீ வந்து, குடித்து முடித்த பிறகுதான் வந்தது. அதற்கப்புறம்தான் முடியாது என்று எழுந்தேன். மகளின் வீடியோவும் வராது, அவள் சிரிக்கவே இல்லை, நான் சொன்னது பொய் என்றேன். அவர்கள் முகம் போன போக்கை உனக்குச் சொல்லலாம், ஆனால் அதை நன்றாகச் சொல்லிவிடுவேன், வேண்டாம்.

நான் விலகியதால் படம் நிற்கவில்லை. குமாஸ்தாவும் அவன் வசனமும் டிவிக்காரர்களுக்குச் சொந்தமாம், அப்போதே கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போட்டிருக்கிறேன். நெட்டை நடிக்கப்போகிறான். கோபப்படாதே, என்னைக் கேட்டுவிட்டுத்தான் ஒத்துக்கொண்டான், அவனை மறுக்க எனக்கு என்ன யோக்கியதை. ஆகவே அந்த வசனம் மறுபடி ஊர் வாயில் ஓடப்போகிறது, உன் ஊர்த் தியேட்டருக்கும் வரலாம், பெரிய எழுத்தில் போஸ்டராகவே வரலாம். நான் வேண்டாம் என்று சொல்ல முடிந்ததே தவிர திரும்ப வாங்க முடியவில்லை. தெருவில் திடீரென்று பார்த்து நீ நின்றுவிடக் கூடாதே என்று முன்கூட்டியே சொல்கிறேன். பேட்டியில் உண்மையைச் சொல்லி எல்லோர் முன்னாலும் மன்னிப்புக் கேட்டால் என்ன என்றும் நினைத்தேன். வேண்டாம் பாப்பா. அதற்கும் கைதட்டுவார்கள், நானும் வாங்கிக்கொள்வேன், என்னை எனக்குத் தெரியும். வெட்கமாக இருக்கிறது. வேறு எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை.

நேற்று அம்மா இன்னொன்று சொன்னாள். சாயங்காலம் நீ ஜன்னலில் நிற்பாயாம், தெருமுனையில் என் தலை தெரியும், "அப்பா வர்றார்" என்று சொல்ல வாய் வரும், அதில் 'ர' இருக்கிறதே, அதனால் அப்படியே வாயை மூடிக்கொண்டு நான் தெரு முழுக்க நடந்து, படியேறி, செருப்பைக் கழற்றும்வரை காத்திருந்து அப்புறம்தான் "அப்பா வந்தாச்சு" என்பாயாம். மற்ற வீட்டுப் பிள்ளைகள் தூரத்தில் பார்த்ததுமே கூவிக்கொண்டு ஓடிவருகிறார்கள், நம் வீட்டில் மட்டும் ஒரு வரவேற்பும் இல்லை என்று எனக்கு அந்த நாளில் மனத்தாங்கல் உண்டு. அதை உன்னிடம் சொல்லிக்கூட இருக்கிறேன்.

இதற்குப் பதில் எழுத வேண்டும் என்று இல்லை. எழுதினால் திட்டியே எழுது. அம்மாவுக்கு வழக்கம்போல் ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணு, அவள் அன்று மத்தியானத்திலிருந்தே போன் பக்கத்தில் உட்கார்ந்துவிடுகிறாள். குளிர் காலம் தொடங்கிவிட்டது என்றாயே, காதை மூடிக்கொண்டு வேலைக்குப் போ. எந்தக் குறையும் இல்லாமல் நன்றாக இரு, உன் மனசுபோல் எல்லாம் நடக்கட்டும். எப்போதாவது என்னிடம் ஏதாவது சொல்லத் தோன்றினால் சொல், எதுவானாலும் கேட்டுக்கொள்கிறேன், யாரிடமும் சொல்ல மாட்டேன்.

இப்படிக்கு
அப்பா